மூட்டைப்பூச்சிக்கு வெயில் போதுமா?

கேள்வி: சித்திரை வெயிலில் மெத்தையை மொட்டை மாடியில் காயவைத்தும் மூட்டைப்பூச்சி ஒழியவில்லை. கட்டிலில் மண்ணெண்ணெய் ஊற்றலாம் என்கிறார் மாமியார். என்ன செய்வது?
- வாசகி, அம்மாபேட்டை, சேலம்

பதில்: மண்ணெண்ணெய் வேண்டவே வேண்டாம், தீப்பிடிக்கும் அபாயம் அதில் அதிகம். வெப்பத்தால் மூட்டைப்பூச்சியை ஒழிக்க முடியும் என்றாலும், பூச்சியும் முட்டையும் ஒருசேர மடிய, அவை ஒளிந்திருக்கும் இடமே சுமார் 48 டிகிரி செல்சியஸில் ஒன்றரை மணி நேரமாவது இருக்க வேண்டும். சேலத்து வெயில் 40 டிகிரியைத் தொட்டாலும், இலவம்பஞ்சு மெத்தையின் மேலுறை சுடுமே தவிர உட்புறம் அந்த அளவுக்குச் சூடேறாது. பூச்சிகளும் நிழலான அடிப்பக்கத்துக்கு நகர்ந்துவிடும்.

போர்வை, தலையணை உறைகளை 60 டிகிரி வெந்நீரில் துவைக்கலாம். மெத்தையின் தையல் ஓரங்களிலும், கட்டில் சட்டங்கள் இணையும் இடுக்குகளிலும் கரும்புள்ளிகள் தென்பட்டால், அவை பூச்சியின் எச்சம். நீராவிக் கருவியின் முனையை அந்த இடங்களில் மிக மெதுவாக நகர்த்துங்கள். அவசரப்பட்டால் ஆவியின் வேகத்தில் பூச்சிகள் சிதறுமே ஒழியச் சாகா. மின்சார பிளக் அருகே ஆவி கூடாது. பட்டு வேட்டி, சேலைகளை வெந்நீரில் போடாமல், பாலித்தீன் பையில் கட்டி, மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசரில் நான்கு நாள் வைக்கலாம்.

சுவர் விரிசல்களிலும் பரவியிருந்தால், அறை முழுவதையும் சூடேற்றும் கருவி வைத்திருக்கும் பூச்சி ஒழிப்பு நிறுவனத்தாரை அழையுங்கள். செலவு கூடுதல்தான். நாமே அறைக்குள் கரி அடுப்பு மூட்டுவது உயிருக்கே ஆபத்து. வெப்பத்தின் பலன் பிறகு நீடிக்காது என்பதால், பழைய கட்டில், சோபா வாங்கும்போது இடுக்குகளை டார்ச் அடித்துப் பாருங்கள்.