சுவருக்குப் போகும் முன் மேசைக்கு வரட்டும்

வணக்கம்.

வார இறுதிகளில் படம் எடுக்கப் போகும் இருபது பேர் கொண்ட குழுவில் நானும் ஒருவன். எங்களில் யாருக்கும் இது தொழில் இல்லை. மூன்று ஆண்டுகளாகச் சேர்ந்து போகிறோம், எடுத்ததை வாட்ஸப் குழுவில் போடுகிறோம், பாராட்டிக்கொள்கிறோம். இப்போது முதல் முறையாக ஒரு கண்காட்சி வைக்கலாம் என்று பேச்சு வந்ததும் இரண்டு கட்சியாகிவிட்டோம். அச்சுச் செலவு வீண், இரண்டு பெரிய டிவிகளை வாடகைக்கு எடுத்து ஓடவிட்டால் தலைக்குப் பத்துப் படம்கூடக் காட்டலாம் என்கிறது ஒரு கட்சி. பிரிண்ட் போட்டால்தான் கண்காட்சி என்கிறது இன்னொன்று. நான் இரண்டாவது கட்சி, ஆனால் ஏன் என்று கேட்டால் பதில் வரவில்லை. யார் படத்தை எடுப்பது, யாருடையதை விடுவது என்பதில் மனக்கசப்பு வந்துவிடுமோ என்ற பயமும் இருக்கிறது. சிலரிடம் செல்போன் கேமரா மட்டும்தான். அந்தப் படங்கள் பெரிதாகப் போட்டால் தாங்குமா?

கே.

அன்புள்ள கே.,

பிரிண்ட் போடுங்கள். காரணத்தையும் சொல்லிவிடுகிறேன், அடுத்த கூட்டத்தில் உதவும்.

திரையில் படம் மோசமாகத் தெரியும் என்பதால் சொல்லவில்லை. நல்ல திரையில் வருகிற வெளிச்சம் எந்தத் தாளிலும் வராது. சிக்கல் வேறு. மூன்று ஆண்டுகளாகப் படங்களைப் பகிர்ந்துகொள்கிறீர்கள், ஆனால் இருபது பேரும் ஒரே படத்தை இதுவரை பார்த்ததில்லை. ஒருவர் போனில் அது நீலம் பாய்ந்து தெரிந்திருக்கும். இன்னொருவர் இரவில் வெளிச்சத்தைக் குறைத்து வைத்துப் பார்த்திருப்பார். மூன்றாமவர் பேருந்தில் நின்றபடி கட்டைவிரலால் தள்ளிவிட்டுப் போயிருப்பார். உள்ளங்கை அகலத்தில் பார்த்த படத்துக்கு ‘அருமை’ என்று போட்டுவிடுவது எளிது. தாளில் வந்துவிட்டால் எல்லோர் முன்னாலும் இருப்பது ஒரே படம்தான். அதன் அளவு, இருட்டு, நிறம் எல்லாம் எடுத்தவர் முடிவு செய்தவை. அதைச் சுற்றி நிற்கும்போதுதான் குழுவில் உண்மையான பேச்சு ஆரம்பிக்கிறது.

டிவியில் ஓடவிட்டால் ஒவ்வொரு படமும் சில விநாடிகள் இருந்துவிட்டுப் போய்விடும். எவ்வளவு நேரம் பார்ப்பது என்பது வந்தவர் கையில் இல்லை. கண்காட்சிகளில் நான் மிகவும் விரும்பிக் கவனிப்பது ஒன்று உண்டு: வாசல்வரை போன ஒருவர் ஏதோ நினைத்துக்கொண்டு திரும்பி வந்து, ஒரே ஒரு படத்தின் முன் மறுபடி நிற்பது. அதற்குப் படம் அங்கேயே இருக்க வேண்டும்.

ஆனால் பெரிய பிரிண்டில் தொடங்காதீர்கள். முதலில் எல்லோரும் தங்கள் படங்களில் எட்டு, பத்தை அஞ்சலட்டை அளவில் சாதாரணத் தாளில் போட்டுக்கொண்டு வரட்டும். பின்பக்கம் பென்சிலில் பெயர் எழுதினால் போதும். ஒரு நீள மேசையில் முகம் மேலே தெரிய எல்லாவற்றையும் கலந்து பரப்புங்கள். முதல் அரை மணி நேரம் யாரும் பேசக் கூடாது. மேசையைச் சுற்றி நடந்து பார்க்க வேண்டும், கையில் எடுக்கலாம், இடம் மாற்றி வைக்கலாம். அவ்வளவுதான்.

மனக்கசப்பு பற்றிய உங்கள் பயத்துக்கு எனக்குத் தெரிந்த ஒரே மருந்து இதுதான். படம் எடுத்தவருக்கு அதன் பின்கதை தெரியும். விடியும் முன் எழுந்தது, மலை ஏறியது, மேகம் விலகக் காத்திருந்தது எல்லாம் அவருக்குப் படத்துக்குள்ளேயே இருக்கின்றன. மேசைக்கு அது எதுவும் தெரியாது. அங்கே இருப்பது ஒரு மலையும் கொஞ்சம் மேகமும். பக்கத்தில் யாரோ எடுத்த, ஜன்னல் கம்பியைப் பிடித்திருக்கும் ஒரு வயதான கை. எல்லோர் கண்ணும் கைக்கே போகிறது. யாரும் எதுவும் சொல்லாமலே மலையை எடுத்தவருக்கும் அது புரிந்துவிடும். இதையே வாட்ஸப்பில் யாராவது எழுதியிருந்தால் சண்டை.

இன்னொன்றும் நடக்கும். தனித்தனியாகப் பார்த்தால் சுமாரான இரண்டு படங்கள் பக்கத்தில் பக்கத்தில் வந்ததும் ஒன்றையொன்று தூக்கிவிடும். பூட்டிய கதவு ஒருவருடையது, அதே சாய்வில் விழும் நிழல் வேறொருவருடையது. அந்த இருவரும் இத்தனை நாளும் ஒரே விஷயத்தைத் தேடிக்கொண்டிருந்தார்கள் என்பது அப்போதுதான் தெரியவரும். கண்காட்சிக்கான பொருள் இப்படித்தான் கிடைக்க வேண்டும். ‘இயற்கை’, ‘வாழ்க்கை’ என்று முன்கூட்டியே தலைப்பு வைத்துவிட்டு அதற்குப் படம் தேடுவதை நான் ஆதரிப்பதில்லை. அந்தத் தலைப்புகளுக்குள் எதுவும் அடங்கும், அதனால் எதையும் விலக்க முடியாது.

ஒருவருக்கு ஒரு படமாவது உண்டு என்று முதலிலேயே அறிவித்துவிடுங்கள். அது எந்தப் படம் என்பதை அவர் முடிவு செய்யக் கூடாது. குழுவிலிருந்து இரண்டு பேர், குழுவுக்கு வெளியே நல்ல கண் உள்ள ஒருவர் என மூவர் தேர்ந்தெடுக்கட்டும். வெளியாள் அவசியம். அவருக்கு உங்கள் நட்புகள் தெரியாது.

அமெச்சூர்கள் இப்படிக் கூடி என்ன செய்துவிட முடியும் என்று யாராவது கேட்டால் எஃப்/64 என்ற அமெரிக்கப் புகைப்படக் குழுவைப் பற்றிச் சொல்லுங்கள். 1932 நவம்பரில் சான்பிரான்சிஸ்கோவின் டி யங் அருங்காட்சியகத்தில் அவர்களுடைய முதல் கண்காட்சி நடந்தது. ஏழு பேர் கொண்ட குழு, கூட அழைக்கப்பட்டவர்கள் நான்கு பேர். ஆன்சல் ஆடம்ஸ், எட்வர்ட் வெஸ்டன், இமோஜன் கன்னிங்ஹாம் ஆகியோர் புகைப்பட உலகில் பெரிய பெயர்கள். அதே ஏழு பேரில் ஹென்றி ஸ்விஃப்ட் என்பவர் பங்குத் தரகர், படம் எடுப்பது அவருக்குத் தொழில் இல்லை. அவர்களைச் சேர்த்து வைத்ததில் பிரிண்ட் பற்றிய பிடிவாதத்துக்குப் பெரிய பங்கு உண்டு. ஓவியம்போல மங்கலாக்கி, சொரசொரப்பான தாளில் போடுவது மதிப்பாக இருந்த காலத்தில், முன்னிருந்து பின்வரை துல்லியமாகத் தெரிய வேண்டும், வழவழப்பான தாளில் வர வேண்டும் என்றார்கள். குழுவின் பெயரே லென்ஸின் மிகச் சிறிய துளையின் எண். எந்தத் தாள் என்பதே அங்கே ஒரு கொள்கையாக இருந்தது. உங்கள் குழுவும் தாளைப் பற்றி ஒரு முறை சண்டை போட்டுப் பார்க்கலாம், நல்ல சண்டை அது.

சரி, இனி தரம். முதல் முறை பிரிண்ட் போடுகிறவர்கள் எல்லோரும் சொல்வது, ‘மானிட்டரில் நன்றாக இருந்தது, தாளில் இருட்டாக வந்துவிட்டது’ என்பதுதான். பெரும்பாலும் பிழை அச்சிடும் லேபில் இல்லை. திரை தானே ஒளியை வீசுகிறது, தாள் தன்மேல் விழும் ஒளியைத் திருப்பித் தருகிறது. கடையிலிருந்து வருகிற மானிட்டர்கள் மிகுந்த வெளிச்சத்தில் வைக்கப்பட்டிருக்கும். அதை நம்பிப் படத்தைத் திருத்தினால் நிழல் பகுதியில் இருக்கும் விவரங்கள் தாளில் மூழ்கிப்போகும். பிரிண்டுக்காக வேலை செய்கிறவர்கள் மானிட்டரைச் சதுர மீட்டருக்கு 80 முதல் 120 கேண்டெலா (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வரை குறைத்து வைப்பார்கள். அளக்கும் கருவி இல்லாவிட்டால், வெள்ளைத் தாள் ஒன்றை நல்ல வெளிச்சத்தில் மானிட்டருக்குப் பக்கத்தில் பிடித்து, திரையின் வெள்ளை அதற்கு ஒத்துப்போகும்வரை குறையுங்கள். துல்லியம் இல்லைதான், ஆனாலும் பாதிக் கிணறு தாண்டியதுபோல.

பெரிய தாளில் போடும் முன் சோதனைத் துண்டு போடச் சொல்லுங்கள். முழுப் படம் வேண்டாம், முகமும் அதன் பின்னால் இருக்கும் இருட்டும் சேர்ந்து வருகிற ஒரு பட்டை போதும், ஆனால் கடைசியில் போடப்போகும் அதே அளவில், அதே தாளில். அதை எடுத்துப்போய் கண்காட்சி நடக்கப்போகும் அறையின் விளக்கிலேயே பாருங்கள். மஞ்சள் விளக்கின் கீழ் தோலின் நிறம் என்ன ஆகிறது என்று அங்கேதான் தெரியும். முடிந்தால், அச்சிடுகிறவர் பக்கத்தில் உட்கார்ந்து திருத்துங்கள். நல்ல அச்சாளர் உங்கள் குழுவின் இருபத்தோராவது உறுப்பினர். கண்காட்சிச் சுவரில் அவர் பெயரும் இருக்க வேண்டும்.

தாளைப் பொறுத்தவரை மேட் தாள் கண்ணாடி போலப் பளபளக்காது, மென்மையான படங்களுக்கு ஏற்றது. ஆனால் அதில் கருப்பு கொஞ்சம் வெளிறித்தான் வரும். ஆழமான கருப்பு வேண்டிய கருப்பு-வெள்ளைப் படத்துக்கு, பேரியம் சல்பேட் பூச்சுள்ள பரைட்டா தாள் பொருந்தும். கரையும் சாயத்தால் ஆன சாய இங்க்கைவிட, நுண்ணிய நிறத்துகள்களால் ஆன பிக்மென்ட் இங்க் பொதுவாக நெடுநாள் மங்காது. இங்க்ஜெட்டில் போட்டதை ஒரு நாளாவது காயவிட்டுப் பிரேம் போடுங்கள், இல்லாவிட்டால் உள்பக்கம் கண்ணாடியில் புகைபோலப் படியும். படத்தின் மேல் கண்ணாடி ஒட்டாமல் இருக்க நடுவில் மவுண்ட் போர்டு, அதாவது படத்தைச் சுற்றி வரும் தடித்த அட்டைச் சட்டம் வேண்டும்.

செல்போன் படங்கள் தாங்குமா என்று கேட்டிருந்தீர்கள். 12 மெகாபிக்சல் படத்தின் நீளப் பக்கத்தில் ஏறக்குறைய 4000 பிக்சல்கள் இருக்கும். ஏ4 அளவில் அது அங்குலத்துக்கு 300 பிக்சல்களுக்கு மேல், ஏ3-யில் 240 அளவில், ஏ2-வில் 170 அளவில் வரும். ஏ3 வரை தயங்காமல் போடலாம். ஏ2-வைக் கொஞ்சம் தள்ளி நின்றுதான் பார்ப்பார்கள் என்பதால் அதையும் முயன்று பார்க்கலாம். இந்தக் கணக்கு நல்ல வெளிச்சத்தில் ஜூம் செய்யாமல் எடுத்த படத்துக்கு. முக்கியமாக, போனில் இருக்கும் மூலக் கோப்பையே கொடுங்கள். வாட்ஸப்பில் படமாக அனுப்பிப் பெற்றது சுருங்கிப்போனது. எல்லாப் படங்களும் ஒரே அளவில் இருக்க வேண்டும் என்பதும் கிடையாது. சிறிய பிரிண்டுக்கு ஆளைக் கிட்டே இழுக்கும் குணம் உண்டு.

தரமான அச்சு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு எனக்குப் பிடித்த நிகழ்ச்சி ஒன்று. 1904-இல் பிரஸ்ஸல்ஸில் நடந்த ஒரு கண்காட்சிக்கு, அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் ஆல்பிரட் ஸ்டீக்லிட்ஸின் குழு அனுப்பிய பிரிண்டுகள் வந்து சேரவில்லை. அவர் நடத்திய இதழில் அந்தக் குழுவின் படங்கள் போட்டோகிராவியூர் முறையில், அதாவது படம் பொறித்த உலோகத் தகட்டில் மை பூசித் தாளில் ஒற்றும் முறையில், அச்சாகியிருந்தன. அவற்றையே எடுத்து மாட்டினார்கள். பார்க்க வந்தவர்களில் பெரும்பாலோர் அவை மூலப் பிரிண்டுகள் என்றே நினைத்தார்கள். இதழின் பக்கங்கள் சுவரில் நின்றன! அச்சில் அந்த அளவு அக்கறை காட்டியிருந்தார்கள்.

அதே ஸ்டீக்லிட்ஸ் 1905-இல் நியூயார்க்கில் தொடங்கிய சிறிய காட்சிக்கூடத்திலிருந்து மாட்டும் முறையையும் எடுத்துக்கொள்ளலாம். தரையிலிருந்து கூரைவரை படங்களை நெருக்கி மாட்டுவது அன்றைய வழக்கம். இவர்கள் போதிய இடைவெளி விட்டு, கண்மட்டத்தில், ஒரே வரிசையாக மாட்டினார்கள். உங்களுக்கும் அதுதான் சரி. படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து ஏறக்குறைய 150 சென்டிமீட்டரில் வரட்டும். இருபது பேருக்கு முப்பது படங்கள் போதும். பணம் குறைந்தால் படங்களைக் குறையுங்கள், தாளைக் குறைக்காதீர்கள். வாசலில் வைக்கும் பெரிய பேனரையும் திறப்பு விழா மேடையையும் குறைத்தாலே நிறைய மிஞ்சும்.

கண்காட்சி நடக்கும் நாட்களில் எப்போதும் உங்களில் இருவர் அறையில் இருக்கும்படி முறை வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் யாரும் தன் படத்துக்குப் பக்கத்தில் நிற்க வேண்டாம். வந்தவர் கேட்டால் அடுத்தவர் படத்தைப் பற்றிப் பேசுங்கள். மேசையைச் சுற்றி நடந்தவர்களுக்கு அது தானாக வரும்.