குன்னூர் வேலியில் மஞ்சள் கிண்ணப் பூக்கொடி: அலமண்டாவா?

அலமண்டா இல்லை, சொலாண்ட்ரா. ஒரு சாண் நீள மஞ்சள் கிண்ணம், உள்ளே காப்பி நிறக் கோடுகள், பொழுது சாய்ந்ததும் தேங்காய் வாசம் என்று நீங்கள் எழுதியது அப்படியே பொருந்துகிறது. மெக்சிகோ பக்கத்துக் கொடி, ஊமத்தைக்குச் சொந்தம். பூ, இலை, தண்டு எல்லாமே நஞ்சு.

கவாத்து செய்த அன்று மாலை ஒரு கண்ணில் மட்டும் கண்பாப்பா (விழி நடுவே உள்ள கறுப்பு வட்டம்) விரிந்து பார்வை மங்கியதாகச் சொன்னீர்களே, பெரும்பாலும் அதுவும் இதன் வேலைதான். சாறு பட்ட கையால் கண்ணைத் தேய்த்திருப்பீர்கள். கண் பரிசோதனைக்கு முன் விடும் சொட்டு மருந்தில் இருக்கும் அட்ரோபின் வகைப் பொருள் இந்தச் சாற்றிலும் உண்டு.

உறுதி செய்ய, கையுறை போட்டு ஓர் இலையைக் கிள்ளுங்கள். அலமண்டா என்றால் வெள்ளைப் பால் வடியும். இலைகளும் கணுவுக்கு மூன்று நான்காகச் சுற்றி நிற்கும். சொலாண்ட்ராவில் பால் கிடையாது. தடித்த, பளபளப்பான இலைகள் மாறி மாறி வரும். (அலமண்டாவும் சாது இல்லை, அதன் பால் பட்டால் தோல் அரிக்கும்.)

ஆனால் கண் விஷயத்தை இதோடு விட வேண்டாம். கண்பாப்பா ஒரு பக்கம் மட்டும் விரிவதற்கு மூளைக் கோளாறும் காரணமாகலாம். தலைவலி, வாந்தி, பேச்சுக் குழறல் எதுவும் சேர்ந்தால் உடனே ஆஸ்பத்திரி. செடி வெட்டியதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லுங்கள்.

குழந்தை மென்றுவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். 108-ஐ அழைத்து, ஒரு கொத்தைப் பையில் போட்டு எடுத்துப் போங்கள். வெட்டிய கொடியை ஆடு மாடு மேயும் சரிவில் வீசவும் கூடாது.