லென்ஸ் பையைக் காலி செய்வதற்கு முன்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான். கையில் இருக்கும் கேமராவையும் லென்ஸ்களையும் விற்றுவிட்டு வேறு கம்பெனிக்கு மாறுவது. அதனால் மிக்ஸி, இன்சூரன்ஸ் கேள்விகளை அடுத்த முறைக்குத் தள்ளி வைத்திருக்கிறேன். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன். பெயர்கள் வேண்டாம் என்று பலர் கேட்டதால் ஊரை மட்டும் போடுகிறேன்.

கேள்வி: கல்யாண போட்டோகிராபராக இருக்கிறேன். கேனான் 5டி மார்க் 4, அதற்கு 24-70, 70-200, 85 மி.மீ. லென்ஸ்கள் வைத்திருக்கிறேன். என்னோடு வேலை செய்பவர்கள் எல்லாரும் சோனிக்குப் போய்விட்டார்கள். எல்லாவற்றையும் எக்ஸ்சேஞ்சில் எடுத்துக்கொண்டு சோனி பாடியும் (லென்ஸ் இல்லாத கேமரா) ஒரு லென்ஸும் தருவதாக ஒரு கடையில் சொல்கிறார்கள். கொடுத்துவிடலாமா? (திருப்பூர்)

பதில்: நான்கைக் கொடுத்து இரண்டை வாங்கப் போகிறீர்கள். தாலி கட்டும் நேரத்தில் மேடைக்குப் பின்னால் தள்ளி நிற்க வைத்தால் தூரத்திலிருந்து எடுக்கும் 70-200 இல்லாமல் என்ன செய்வீர்கள்? அதை வாங்கும் பணம் எங்கிருந்து வரும் என்று உங்கள் கடிதத்தில் ஒரு வரி கூட இல்லை.

கடைக்காரர் சொல்லாத செலவுகளும் இருக்கின்றன. ஒரு நாள் கல்யாணத்துக்குக் குறைந்தது மூன்று பேட்டரி வேண்டும். உங்களிடம் இருக்கும் சி.எஃப் மெமரி கார்டுகளுக்கு சோனியில் இடமே கிடையாது. கேனானுக்காக வாங்கிய ஃப்ளாஷ் சோனியின் மேல் உட்கார்ந்தாலும் தானாக வெளிச்சம் அளந்து அடிக்காது. கோடாக்ஸ் கம்பெனி லைட் வைத்திருந்தால் மட்டும் தப்பித்தீர்கள், டிரிக்கரை (லைட்டை அடிக்கச் செய்யும் கருவி) மாற்றினால் போதும்.

கேனானிலேயே, உள்ளே நிலைக்கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராக்களான ஆர் வரிசைக்குப் போனால் என்ன ஆகும் என்று பார்த்தீர்களா? உங்களிடம் இருக்கும் இ.எஃப் வகை லென்ஸ்களுக்கும் படத்தைப் பதியும் சென்சாருக்கும் நடுவே 44 மி.மீ. தூரம் இருக்க வேண்டும். 2018-இல் ஆர் வரிசையோடு வந்த ஆர்.எஃப் மவுண்ட்டில் (லென்ஸ் மாட்டும் வாய்) அது 20 மி.மீ. மீதி 24 மி.மீ.க்கு ஒரு வளையம், அதுதான் அடாப்டர். உள்ளே லென்ஸ் கண்ணாடி எதுவும் இல்லாததால் படத்தின் தரம் குறையாது. ஆட்டோ ஃபோகஸும் அப்படியே வேலை செய்யும். ஆர்6 மார்க் 2 போன்ற பாடியில் உங்கள் பழைய எல்.பி-இ6என் பேட்டரியும் எஸ்.டி கார்டும் கூட ஓடும். மாற்ற வேண்டியது பாடி மட்டும்தான்.

சோனியிலும் அடாப்டர் போட்டு உங்கள் லென்ஸ்களைப் பயன்படுத்தலாம். ஆனால் அந்த அடாப்டர்களைச் செய்வது வேறு கம்பெனிகள். இருட்டு மண்டபத்தில், நடந்து வரும் பெண்ணின் மேல் ஃபோகஸ் நிற்பதில் தடுமாற்றம் இருக்கும். ஒருவருடைய வாழ்நாள் படத்தை அதை நம்பி எடுக்காதீர்கள்.

சோனிக்குப் போவதற்கும் நல்ல காரணம் உண்டு. டீமில் எல்லாரும் ஒரே மவுண்ட் வைத்திருந்தால் லென்ஸை மாற்றிக்கொள்ளலாம். சிக்மா, டாம்ரான் லென்ஸ்கள் சோனிக்கு ஏராளம், விலையும் கம்மி. கேனானின் ஆர்.எஃப்-க்கு அந்த இரண்டு கம்பெனிகளும் 2024-இல் அனுமதியோடு லென்ஸ் அறிவித்தபோது, அவை சிறிய சென்சார் கேமராக்களுக்கானவையாகவே இருந்தன. இதெல்லாம் உங்களுக்கு முக்கியம் என்றால் தாராளமாக மாறுங்கள். ஆனால் முதலில் ஒரு சோனி செட்டை வாடகைக்கு எடுத்து இரண்டு முகூர்த்தம் வேலை பாருங்கள். அட்வான்ஸ் வாங்கிய கடைசிக் கல்யாணம் முடியும்வரை பழைய செட் கையில் இருக்கட்டும். பிறகு ஒவ்வொன்றாக, நேரடியாகப் போட்டோகிராபர்களிடமே விற்றுப் பாருங்கள். கடை சொல்லும் விலைக்கும் அதற்கும் உள்ள வித்தியாசத்தை நீங்களே பார்ப்பீர்கள்.

நானும் ஒரு முறை மொத்தப் பையையும் ஒரே மாலையில் ஒரே கடையில் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். அதில் இருந்த 85 மி.மீ. லென்ஸ் மாதிரி இன்னொன்றை வாங்க எனக்கு மூன்று வருஷம் பிடித்தது. இன்னும் மனசு ஆறவில்லை.

கேள்வி: நிக்கான் டி750-இலிருந்து நிக்கானின் மிரர்லெஸ் இசட் வரிசைக்கு மாறுகிறேன். 50 மி.மீ. 1.8டி, பழைய 80-200 டி லென்ஸ்களை, பழைய நிக்கான் லென்ஸை இசட்டில் மாட்டும் எஃப்.டி.இசட் அடாப்டரில் பயன்படுத்தலாம்தானே? (தஞ்சாவூர்)

பதில்: படம் எடுக்கலாம், ஆட்டோ ஃபோகஸ் வராது. அந்த லென்ஸ்களைத் திருப்பும் மோட்டார் டி750-இன் பாடிக்குள் இருக்கிறது. இசட் பாடியிலும் மோட்டார் கிடையாது, எஃப்.டி.இசட்டிலும் கிடையாது. ஏ.எஃப்-எஸ், ஏ.எஃப்-பி என்று எழுதியிருக்கும் லென்ஸ்களை வைத்துக்கொண்டு இந்த இரண்டையும் விற்றுவிடுங்கள். வாங்குபவரிடம் இதையும் சொல்லி விற்க வேண்டும்.

கேள்வி: ஷட்டர் கவுண்ட் (இதுவரை எடுத்த படங்களின் எண்ணிக்கை) 1,40,000 தாண்டிவிட்டது. "கேமராவின் ஆயுசு முடிந்தது" என்று கடையில் அடிமாட்டு விலைக்குக் கேட்கிறார்கள். கவுண்ட்டைச் சொல்லாமல் வெளியில் விற்றால் என்ன? என்னுடையது நிக்கான் டி750. (சேலம்)

பதில்: சொல்லாமல் விற்காதீர்கள். நிக்கானில் எடுக்கும் ஒவ்வொரு படத்துக்குள்ளும் அந்த எண் பதிந்திருக்கிறது. வாங்குபவர் ஒரு படத்தைக் கேட்டால் தெரிந்துவிடும், அதற்குப் பிறகு நீங்கள் சொல்லும் வேறு எதையும் அவர் நம்பமாட்டார்.

கடைக்காரர் சொன்னதும் சரியில்லை. டி750-இன் ஷட்டரை நிக்கான் 1,50,000 முறை இயக்கிச் சோதித்திருக்கிறது. அந்த எண்ணிக்கை வந்ததும் நின்றுவிடும் என்று அதற்கு அர்த்தம் இல்லை. நின்றாலும் ஷட்டரை மாற்றலாம். சர்வீஸ் சென்டரில் ஷட்டர் மாற்ற என்ன ஆகும் என்று எழுதி வாங்கி, அந்தக் காகிதத்தையும் காட்டி விலை பேசுங்கள்.

கேள்வி: மகன் விஸ்காம் முதல் வருஷம். வீட்டில் இருக்கும் டி.எஸ்.எல்.ஆரை (நிலைக்கண்ணாடி உள்ள பழைய வகை கேமரா) விற்று மிரர்லெஸ் வாங்கித் தரச் சொல்கிறான். (வேலூர்)

பதில்: வேண்டாம். ஒரு 50 மி.மீ. லென்ஸ் வாங்கிக் கொடுத்து ஒரு வருஷம் எடுக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: லென்ஸை விற்க இணையத்தில் விளம்பரம் போட்டேன். ராணுவத்தில் இருப்பதாகச் சொல்லி ஒருவர் பேரமே பேசாமல் வாங்க ஒத்துக்கொண்டார். அட்வான்ஸ் அனுப்ப ஒரு கியூஆர் கோடு அனுப்பி ஸ்கேன் செய்யச் சொன்னார். செய்தேன், 18,000 ரூபாய் போய்விட்டது. வீட்டில் சொல்லவே வெட்கமாக இருக்கிறது. (திண்டுக்கல்)

பதில்: முதலில் வீட்டில் சொல்லுங்கள். வெட்கப்பட வேண்டியவர் அவர். சீருடைக்கு நாம் கொடுக்கும் மரியாதையை வைத்தே இந்த ஏமாற்று வேலை நடக்கிறது. படித்தவர்கள், வங்கியில் வேலை செய்தவர்கள் எல்லாம் இதில் சிக்கியிருக்கிறார்கள்.

1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணுக்கு இன்றைக்கே பேசுங்கள். தேசிய சைபர் கிரைம் இணையதளத்தில் புகாரைப் பதிந்து, அந்தப் புகாரின் எண்ணோடு உங்கள் வங்கிக் கிளையில் எழுதிக் கொடுங்கள். பணம் அடுத்த கணக்குக்குப் போவதற்குள் பிடித்தால்தான் திரும்பி வர வாய்ப்பு அதிகம். நாள் தள்ளத் தள்ள அது குறையும்.

மற்றவர்களுக்கு: பணம் வாங்க கியூஆர் ஸ்கேன் செய்ய வேண்டியதில்லை, பின் நம்பரும் போட வேண்டியதில்லை. பின் போட்டால் பணம் உங்கள் கணக்கிலிருந்து வெளியே போகிறது. ஸ்கிரீன்ஷாட்டையும் நம்பாதீர்கள். உங்கள் கணக்கைத் திறந்து பணம் ஏறியிருக்கிறதா என்று பார்த்த பிறகே லென்ஸைக் கையில் கொடுங்கள்.

கேள்வி: செகண்ட் ஹேண்டில் 70-200 வாங்கினேன். பாக்ஸோடு பீரோவில் வைத்துவிட்டேன். நான்கு மாதம் கழித்து எடுத்தால் உள்ளே ஃபங்கஸ் (பூஞ்சை). விற்றவர், "நான் கொடுக்கும்போது இல்லை" என்கிறார். என்ன செய்யலாம்? (நாகர்கோவில்)

பதில்: ஒன்றும் செய்ய முடியாது. வாங்கிய அன்றே மொபைல் டார்ச்சைப் பின்பக்கம் வைத்து முன்பக்கமாகப் பார்த்திருந்தால் சிலந்தி வலை மாதிரி தெரிந்திருக்கும், அல்லது இல்லை என்று உறுதியாகியிருக்கும். உங்கள் ஊர்க் காற்றின் ஈரத்தில் நான்கு மாதம் மூடி வைத்திருக்கிறீர்கள். அது எப்போது வந்தது என்று யார் சொல்ல முடியும்? உடனே நல்ல மெக்கானிக்கிடம் கொடுங்கள். கண்ணாடிப் பூச்சை அரித்திருந்தால் சுத்தம் செய்தாலும் தழும்பு நிற்கும். இனிமேல் ஈரப்பதம் 40-50 சதவீதத்தில் நிற்கும் டிரை கேபினெட் வாங்குங்கள். முடியாவிட்டால் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள். தோல் உறையில் மட்டும் வைக்காதீர்கள்.

கேள்வி: பழைய கேமராவை நேரில் வந்தவரிடம் விற்று யுபிஐயில் பணம் வாங்கினேன். இரண்டு வாரத்தில் என் வங்கிக் கணக்கு முடக்கப்பட்டது. வேறு மாநில போலீஸ் புகார் என்கிறார்கள். வாங்கியவர் போன் எடுப்பதில்லை. விற்றதற்கு என்னிடம் எந்தக் காகிதமும் இல்லை. (மதுரை)

பதில்: உங்கள் மேல் தவறு இல்லை. யாரிடமோ ஏமாற்றிய பணத்தால் உங்கள் கேமராவை வாங்கிவிட்டுப் போயிருக்கிறார். பணம் போன வழியில் இருக்கும் கணக்குகளையெல்லாம் நிறுத்தி வைக்கும்போது உங்களுடையதும் மாட்டிக்கொண்டது. கிளைக்குப் போய்ப் புகார் எண்ணையும் காவல் நிலையத்தின் பெயரையும் எழுத்தில் கேளுங்கள். விளம்பரம், வாட்ஸ்அப் பேச்சு, நீங்கள் கேமரா வாங்கிய ஒரிஜினல் பில், சீரியல் நம்பர் எல்லாவற்றையும் இணைத்து அந்த விசாரணை அதிகாரிக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். மொத்தக் கணக்கையும் நிறுத்தாமல், புகாரில் உள்ள தொகையை மட்டும் நிறுத்தி வைக்கும்படி எழுதிக் கேளுங்கள்.

இந்தக் கடிதத்தைச் சாக்காக வைத்து எல்லாருக்கும் ஒன்றைச் சொல்ல வேண்டும். எத்தனை வருஷமாக எழுதிக்கொண்டிருக்கிறேன், இந்தப் பழக்கம் மட்டும் மாறவில்லை. செகண்ட் ஹேண்ட் என்றாலே காகிதம் வேண்டாம் என்று இரண்டு பக்கமும் முடிவு செய்துவிடுகிறார்கள். "பில் இல்லேன்னா ரெண்டாயிரம் கம்மி" என்றதும் வாங்குபவர் சந்தோஷமாகத் தலையாட்டுகிறார். அந்த இரண்டாயிரத்துக்கு அவர் விட்டுக்கொடுப்பது என்ன தெரியுமா? பொருள் பழுது என்றால் கேட்கும் உரிமையை, திருட்டுப் பொருள் என்று போலீஸ் வந்தால் காட்ட வேண்டிய ஒரே சாட்சியை. வாடகைக்கு எடுத்த கேமராவை அப்படியே விற்றுவிட்டு ஓடுபவர்கள் இருக்கிறார்கள். அதை நம்பி வாங்கியவருக்குக் கேமராவும் போகும், பணமும் போகும், ஸ்டேஷனுக்கு அலைச்சலும் மிஞ்சும்.

பல வருஷம் முன்பு, ஒரு கடையில் பில் இல்லாமல் ஒரு டெலி லென்ஸ் வாங்கினேன். மூன்றாம் நாள் அப்பர்ச்சர் இதழ்களில் (வெளிச்சத்தின் அளவைக் கட்டுப்படுத்தும் தகடுகள்) எண்ணெய் கசிந்து மூடாமல் நின்றது. திரும்பப் போனால், இதை நாங்கள் விற்கவே இல்லை என்று என் முகத்துக்கு நேராகச் சொன்னார்கள். என்னிடம் காட்ட ஒன்றும் இல்லை. அன்றிலிருந்து நான் காகிதம் இல்லாமல் ஒரு மூடி கூட வாங்குவதில்லை.

தனி ஆட்கள் விற்கும்போது ஒரு வெள்ளைத் தாள் போதும். தேதி, மாடல், பாடியிலும் லென்ஸிலும் உள்ள சீரியல் நம்பர், விலை, பணம் வந்த வழி, இருவர் பெயர், முகவரி, கையெழுத்து. வாங்குபவரின் அடையாள அட்டையைப் பார்த்து அதன் படத்தை வைத்துக்கொள்ளுங்கள். அடையாளம் காட்டத் தயங்குபவர் எவ்வளவு கொடுத்தாலும் விற்காதீர்கள். பணம் அவருடைய பெயரில் உள்ள கணக்கிலிருந்தே வர வேண்டும்.

கேள்வி: எப்போது விற்றால் நல்ல விலை? (கரூர்)

பதில்: ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லை, வாங்க ஆள் இல்லை. ஆவணிக்கும் தைக்கும் கொஞ்சம் முன்னால் விற்றுப் பாருங்கள்.

கேள்வி: புதுசு என்று சொல்லி ஒரு கடையில் மிரர்லெஸ் பாடி வாங்கினேன், பில் இருக்கிறது. சர்வீஸ் சென்டரில் பார்த்தால் பாக்ஸில் உள்ள சீரியல் நம்பர் வேறு, கேமராவில் வேறு. கடைக்காரர், "நீங்க தொழிலுக்கு வாங்கினீங்க, கன்ஸ்யூமர் கோர்ட்டுக்குப் போக முடியாது" என்கிறார். (கடலூர்)

பதில்: உங்களைப் பயமுறுத்துகிறார். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, வியாபார நோக்கத்துக்கு வாங்குபவரை விலக்குவது உண்மைதான். ஆனால் சுயதொழில் செய்து பிழைப்பதற்காகவே வாங்கித் தானே பயன்படுத்துபவர் நுகர்வோர்தான் என்று அதே சட்டத்தில் விளக்கம் இருக்கிறது. கேமராவைத் தோளில் மாட்டி நீங்களே கல்யாணம் எடுக்கிறீர்கள். அதைப் புகாரிலேயே எழுதுங்கள்.

சர்வீஸ் சென்டர் சொன்னதை எழுத்தில் வாங்குங்கள். கடைக்கு ஸ்பீடு போஸ்டில் நோட்டீஸ் அனுப்புங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள், பல கடைகள் அந்தக் கட்டத்திலேயே இறங்கி வருகின்றன. இல்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கடை எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் கடலூரிலேயே வழக்குப் போடலாம். கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். விடாதீர்கள். என்ன நடந்தது என்று எனக்கும் எழுதுங்கள்.

கேள்வி: அப்பா நாற்பது வருஷம் ஸ்டுடியோ வைத்திருந்தார். போன வருஷம் இறந்துவிட்டார். பழைய கேமரா வாங்குகிறேன் என்று ஒருவர் வந்து, "ஃபிலிம் காலம் போச்சு, எல்லாம் இரும்பு விலைதான்" என்று ஒரு பெட்டி நிறைய எடுத்துக்கொண்டு 3,000 ரூபாய் கொடுத்தார். அதில் இருந்த ஒரு யாஷிகா மேட் 124ஜி-யும் நிக்கான் எஃப்.எம்2-வும் நல்ல விலைக்குப் போகும் என்று இப்போது சொல்கிறார்கள். அம்மா தினமும் அதையே சொல்லி அழுகிறார். இன்னும் ஒரு பெட்டி இருக்கிறது. (கும்பகோணம்)

பதில்: படிக்கவே கஷ்டமாக இருந்தது. துக்க வீட்டைத் தேடிப் போய் வாங்குபவர்கள் இப்படித்தான் பேசுவார்கள். பொருளின் மதிப்பு அவர்களுக்கு நன்றாகத் தெரியும். போனதைத் திரும்ப வாங்குவது கடினம் என்பதை மறைக்க விரும்பவில்லை. அவருடைய போன் நம்பர் இருந்தால் ஒரு முறை கேட்டுப் பாருங்கள். அம்மாவிடம் சொல்லுங்கள், அவர் தெரியாமல் கொடுத்தது தவறே இல்லை.

இரண்டாவது பெட்டியைப் பற்றி. ஃபிலிம் கேமராக்களைத் தேடி வாங்கும் இளைஞர்கள் இன்று நிறையப் பேர் இருக்கிறார்கள். பழைய மேனுவல் லென்ஸ்களுக்கும் மதிப்பு உண்டு. மேலே திருப்பூர்க்காரருக்குச் சொன்ன அதே தூரக் கணக்குதான். நிக்கான் எஃப் மவுண்ட்டில் 46.5 மி.மீ., இன்றைய சோனியில் 18 மி.மீ. நடுவில் ஒரு சாதாரண உலோக வளையம் போட்டால் உங்கள் அப்பாவின் லென்ஸில் இன்றைக்கும் படம் எடுக்கலாம், ஃபோகஸைக் கையால் திருப்ப வேண்டும், அவ்வளவுதான்.

ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் வைத்துப் படம் எடுத்து, மேலே எழுதியிருக்கும் பெயரையும் எண்ணையும் ஒரு தாளில் எழுதி எனக்கு அனுப்புங்கள். எதை எவ்வளவுக்குக் கேட்கலாம் என்று பார்த்து எழுதுகிறேன். நெகட்டிவ்களைத் தனியாக எடுத்து வையுங்கள், அவை விற்க அல்ல. என் பதில் வரும்வரை யார் வந்து கேட்டாலும் பெட்டியைத் திறக்காதீர்கள்.