படம் எப்படி இருக்கு? – வாசகர் கேள்வி பதில்

சமீபத்தில் பார்த்த படத்தைப் பற்றி எழுதுங்கள், அதற்காக யாரோடு சண்டை போட்டீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள் என்று போன இதழில் கேட்டிருந்தேன். படத்தைப் பற்றி நாலு வரி, சண்டையைப் பற்றி நாலு பக்கம் என்று வந்து குவிந்துவிட்டது. சிலவற்றுக்கு மட்டும் இங்கே பதில்.

நானும் தம்பியும் '12 ஆங்ரி மென்' பார்த்தோம், ஒரு கொலை வழக்கில் தீர்ப்புச் சொல்ல அறைக்குள் உட்காரும் ஜூரிகளின் கதை. "ஒரே அறை, பன்னிரண்டு பேர், வாய் ஓயாத பேச்சு, இதை ரேடியோவில் கேட்டாலே போதுமே, இதில் சினிமா எங்கே இருக்கிறது?" என்கிறான். எனக்கு ரொம்பப் பிடித்தது. ஆனால் ஏன் பிடித்தது என்று சொல்ல வரவில்லை, "அது கிளாசிக்டா" என்று மட்டும் சொல்லித் தோற்றுப்போனேன்.

தோற்றது "கிளாசிக்" என்ற வார்த்தையால்தான். அதைக் கேட்டதும் எதிராளிக்குப் பாதி ஆர்வம் போய்விடும்.

தம்பியை மறுபடி உட்கார வைத்து, சத்தத்தை அணைத்துவிட்டுப் படத்தைப் போடுங்கள். முதலில் கேமரா அவர்கள் கண்மட்டத்துக்கு மேலே இருந்து பார்க்கிறது. அகலமாகக் காட்டும் லென்ஸ் வேறு, அதனால் அறை விசாலமாகத் தெரியும், ஆளுக்கு ஆள் இடைவெளி இருக்கும். கொஞ்ச நேரம் கழித்துப் பாருங்கள், கேமரா கண்மட்டத்துக்கு இறங்கியிருக்கும். கடைசி மூன்றில் ஒரு பங்கில் அதற்கும் கீழே போய்விடுகிறது, லென்ஸும் மாறிவிடுகிறது. பின்சுவர் முதுகில் வந்து ஒட்டிக்கொண்டதுபோல ஆகிவிடும், தலைக்கு மேலே கூரை தெரிய ஆரம்பிக்கும். அதே மேசை, அதே நாற்காலிகள்தான். நமக்குத்தான் மூச்சு முட்டுகிறது. எல்லாம் முடிந்து வெளியே வந்ததும் மறுபடி அகல லென்ஸ், அப்போதுதான் நாமும் மூச்சு விடுகிறோம். இது தற்செயல் இல்லை. இயக்குநர் சிட்னி லூமெட் பின்னாளில் தன் புத்தகத்தில் இதையெல்லாம் விளக்கியே எழுதியிருக்கிறார். 1957-இல் வந்த இதுதான் அவருடைய முதல் சினிமா என்பதை நினைத்தால் எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருக்கும்.

ரேடியோவில் கூரை தெரியாது என்று தம்பியிடம் சொல்லுங்கள். ஆனால் அவன் பேச்சிலும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது, அதையும் ஒத்துக்கொண்டுவிடுங்கள். இந்தக் கதை 1954-இல் டிவி நாடகமாக வந்து, பிறகுதான் சினிமாவானது. பேச்சை நம்பி எழுதப்பட்ட கதைதான். விட்டுக்கொடுக்க வேண்டிய இடத்தில் விட்டுக்கொடுத்தால், மிச்சத்தைக் காது கொடுத்துக் கேட்பான்.

விமர்சகர்கள் 95 சதவீதம் கொடுத்த படம் என்று நம்பிப் போனேன். சுமார் ரகம். காசு வாங்கிக்கொண்டு எழுதுகிறார்களா?

95 சதவீதம் என்றால் நூற்றுக்கு 95 மார்க் என்று எடுத்துக்கொண்டுவிட்டீர்கள். விமர்சனங்களைத் திரட்டித் தரும் ராட்டன் டொமேட்டோஸ் போன்ற தளத்தில் அந்த எண்ணுக்கு அர்த்தமே வேறு. ஒவ்வொரு விமர்சனமும் 'பார்க்கலாம்' கட்சியா, 'வேண்டாம்' கட்சியா என்று பிரித்து, நூற்றுக்கு எத்தனை பேர் 'பார்க்கலாம்' என்றார்கள் என்பதை மட்டும் சொல்வார்கள். நூறு பேரும் "பரவாயில்லை, பத்துக்கு ஆறு" என்று எழுதினாலும் அங்கே 100 சதவீதம் வந்துவிடும். பாதிப் பேர் தலையில் வைத்துக் கொண்டாடி, மறு பாதி கிழித்துத் தொங்கவிட்ட படத்துக்கு 50-தான். எனக்கு இரண்டாவது வகைதான் இஷ்டம். யாருக்கும் உறுத்தாத படத்தைப் பார்த்துவிட்டு வந்து என்ன பேசுவது?

உங்கள் படம் சுமார்தான் என்று அந்த 95 பேரும் நினைத்திருக்கலாம். எண்ணை விட்டுவிட்டு, உங்கள் ரசனையோடு அடிக்கடி ஒத்துப்போகும் ஒருவரையும், எப்போதும் முரண்டு பிடிக்கும் ஒருவரையும் படியுங்கள். இரண்டாமவர் திட்டினால் கண்ணை மூடிக்கொண்டு கிளம்பலாம்.

எல்லாப் படத்துக்கும் "ஃபர்ஸ்ட் ஹாஃப் சூப்பர், செகண்ட் ஹாஃப் லேக்" என்கிறார்களே?

முதல் பாதியில் கதை கடன் வாங்குகிறது. யார் கொன்றது, ஏன் ஓடுகிறான், அந்தப் பெட்டியில் என்ன என்று கேள்வி மேல் கேள்வியாக வாங்கிப் போட்டுக்கொண்டே போகலாம், ஜாலியாக இருக்கும். இரண்டாம் பாதியில் கடன்காரர்கள் வரிசையில் வந்து நிற்பார்கள்.

உலகத்திலேயே சிறந்த படம் என்று பட்டியலில் முதலிடம் பிடித்த 'ழான் டீல்மன்' பார்த்தேன். ஒரு பெண் பாத்திரம் கழுவுகிறாள், கட்டிலைச் சரி செய்கிறாள், உருளைக்கிழங்கு உரிக்கிறாள். ஒரு மணி நேரத்தில் தூங்கிவிட்டேன். நண்பர்கள் குழுவில் இதைச் சொன்னதற்கு "உனக்கு சினிமா ரசிக்கத் தெரியாது" என்று ஒரே தாக்கு. நீங்களே சொல்லுங்கள், இது படமா?

தூங்கியதில் தப்பே இல்லை. நானும் முதல் தடவை தூங்கினேன், ஆனால் நீங்கள் கண்ணயர்ந்த இடத்துக்கு அரை மணி நேரம் தள்ளி.

முதலில் அந்தப் பட்டியல். 'சைட் அண்ட் சவுண்ட்' என்ற பிரிட்டிஷ் பத்திரிகை 1952-லிருந்து பத்து வருஷத்துக்கு ஒரு முறை நடத்தும் வாக்கெடுப்பு அது. 1962-லிருந்து 2002 வரை ஐந்து முறையும் 'சிட்டிசன் கேன்'தான் முதலிடம். 2012-இல் ஹிட்ச்காக்கின் 'வெர்டிகோ' அதைத் தள்ளியது. 2022-இல் சாந்தால் ஆக்கர்மான் 1975-இல் எடுத்த இந்தப் படம் வந்தது, பெண் இயக்குநர் ஒருவரின் படம் அங்கே முதலிடம் பிடித்தது அதுதான் முதல் தடவை. 1,600-க்கும் மேற்பட்ட விமர்சகர்கள் ஆளுக்குப் பத்துப் படம் எழுதிக் கொடுத்தார்கள். அந்தப் பத்துக்குள் வரிசை கிடையாது, அதிகப் பட்டியல்களில் எந்தப் பெயர் இருக்கிறதோ அது முதலிடம், அவ்வளவுதான். "இதுதான் உலகத்திலேயே சிறந்தது" என்று ஓட்டுப் போட அங்கே யாருக்கும் வாய்ப்பே இல்லை. ஆகவே குழுவில் உங்களை மிரட்டியவர்களும் அந்த எண்ணைக் கொஞ்சம் தப்பாகத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

சரி, படத்துக்கு வருவோம். 3 மணி 21 நிமிஷம், ஒரு விதவையின் மூன்று நாட்கள். நீங்கள் பார்த்தது முதல் நாள். அதில் ஒன்றும் 'நடக்காது' என்பது உண்மை, ஏனென்றால் அது நமக்கு அவள் வீட்டு ஒழுங்கை மனப்பாடம் செய்ய வைக்கும் நாள். அறையை விட்டு வந்தால் விளக்கை அணைப்பாள், மேசை மேலிருக்கும் கிண்ணத்தில் பணத்தைப் போட்டு மூடுவாள், எல்லாம் அதனதன் நேரத்தில். இரண்டாம் நாள் மத்தியானம் உருளைக்கிழங்கு அதிகமாக வெந்துவிடுகிறது. பானையைக் கையில் பிடித்துக்கொண்டு, என்ன செய்வது என்று தெரியாமல் வீட்டுக்குள் அலைகிறாள். கிண்ணத்தின் மூடி திறந்தே கிடக்கிறது. ஒரு பட்டன் போட மறந்துவிடுகிறாள். வேறு படத்தில் கட்டடமே இடிந்து விழுந்தாலும் எனக்கு இத்தனை படபடப்பு வராது. அந்த மூடியைப் பார்த்து நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். முதல் நாளை முழுசாகப் பார்க்காதவருக்கு அது வெறும் மூடி.

இதையெல்லாம் படித்த பிறகும் பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லைதான். "எனக்குப் பொறுமை இல்லை" என்று ஒருவர் சொல்வதை நான் மதிப்பேன். "இது படமா?" என்று கேட்டால்தான் சண்டைக்கு வருவேன்.

நான் எல்லாப் படத்தையும் ஒன்றரை மடங்கு வேகத்தில் பார்க்கிறேன். நேரம் மிச்சம். தவறா?

மேலே உள்ள பதிலையும் அப்படித்தான் படித்தீர்களா?

கிளைமாக்ஸை ஒருத்தர் போட்டு உடைத்துவிட்டார். நாங்கள் இருபது வருஷ நண்பர்கள், இப்போது பேசுவதில்லை.

நட்பை ஒட்டவைக்க என்னால் ஆனது ஒரு தகவல். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்தில் 2011-இல் வந்த ஓர் ஆய்வில், சிறுகதைகளின் முடிவை முன்னாலேயே சொல்லிவிட்டுப் படிக்கக் கொடுத்தார்கள். சொல்லப்பட்டவர்கள் சராசரியாகக் கதையைக் கொஞ்சம் அதிகமாகவே ரசித்தார்கள். திருப்பம் உள்ள கதைகளில்கூட அப்படித்தான். ஆனால் அது சிறுகதை, காசு கொடுத்து மூன்று மணி நேரம் இருட்டில் உட்காரும் விஷயம் இல்லை.

ஹிட்ச்காக் கட்சியும் ஏறக்குறைய அதுதான். இரண்டு பேர் பேசிக்கொண்டிருக்கிறார்கள், திடீரென்று மேசைக்கடியில் குண்டு வெடிக்கிறது என்றால் நமக்குப் பதினைந்து விநாடி அதிர்ச்சி. குண்டு இருப்பதை முன்னாலேயே காட்டிவிட்டால், அதே வெட்டிப் பேச்சைப் பதினைந்து நிமிஷம் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்போம் என்பார். ஆனால் அதே மனிதர்தான் 1960-இல் 'சைக்கோ' வந்தபோது படம் ஆரம்பித்த பிறகு யாரையும் உள்ளே விடக்கூடாது என்று தியேட்டர்களுக்குக் கண்டிப்பாகச் சொன்னார்! எதைச் சொல்ல வேண்டும், எதை மறைக்க வேண்டும் என்று தீர்மானிப்பது படம் எடுத்தவர் வேலை, உங்கள் நண்பர் வேலை இல்லை. ஒரு வாரம் கோபமாக இருங்கள், அப்புறம் போன் செய்யுங்கள்.

'பிளேட் ரன்னர்' நாயகன் மனிதனா, செயற்கை மனிதனா என்று எங்களுக்குள் மூன்று நாள் விவாதம். கடைசியில் ஒருவன் "செயற்கை மனிதன்தான் என்று இயக்குநர் ரிட்லி ஸ்காட்டே சொல்லிவிட்டார்" என்று ஒரு பேட்டியைக் காட்டி முடித்துவிட்டான். இயக்குநர் சொன்னால் அப்பீல் இல்லையா?

அப்பீல் உண்டு. ஸ்காட் சொன்னது நிஜம், படப்பிடிப்பு நேரத்திலேயே ஹாரிசன் ஃபோர்ட் அதை ஏற்காமல் மல்லுக்கட்டியதும் நிஜம். நடித்தவரே ஒப்பாததை நீங்கள் ஏன் ஒப்ப வேண்டும்?

முதலில் நீங்கள் ஆளுக்கு எந்தப் படத்தைப் பார்த்தீர்கள் என்று கேளுங்கள். 1982-இல் தியேட்டருக்கு வந்தது ஒன்று, 1992-இல் இயக்குநர் பதிப்பு, 2007-இல் இறுதிப் பதிப்பு. முடிவில் நாயகன் வாசலில், சக போலீஸ்காரன் காகிதத்தில் மடித்து வைத்துவிட்டுப் போன ஒற்றைக்கொம்புக் குதிரை ஒன்றைப் பார்க்கிறானே, அது 1982 படத்திலேயே இருக்கிறது. அங்கே அதற்கு "நான் வந்திருந்தேன், பார்த்தும் ஒன்றும் செய்யாமல் போகிறேன்" என்று மட்டும் பொருள் கொள்ளலாம். 1992-இல், நாயகன் கனவு காணும் இடத்தில் அதே குதிரை ஓடிவரும் சின்ன ஷாட் ஒன்றைச் சேர்த்தார்கள். சில விநாடிதான். உடனே அந்தக் காகிதப் பொம்மைக்கு அர்த்தம் மாறிவிட்டது. என் கனவில் வந்தது அந்தப் போலீஸ்காரனுக்கு எப்படித் தெரியும், அப்படியென்றால் என் கனவே யாரோ உள்ளே வைத்ததா? அதே காகிதம், அதே வாசல். உங்களில் ஒருவர் பழைய பதிப்பையும் இன்னொருவர் புதியதையும் பார்த்திருந்தால், மூன்று நாளும் இரண்டு வெவ்வேறு படங்களைப் பற்றிச் சண்டை போட்டிருக்கிறீர்கள்.

என் கட்சியைக் கேட்டால், மனிதன்தான். அவன் செயற்கை என்றால், அவன் வேட்டையாட வந்த செயற்கை மனிதனே கூரை மேல் அவனைக் காப்பாற்றும் காட்சி எனக்குப் பாதியாகக் குறைந்துவிடுகிறது. இதற்காகத் திட்டி எழுதப் போகிறவர்கள் தாராளமாக எழுதலாம்.

பாட்டே இல்லாமல் எடுத்தால்தான் உலகத் தரம் என்கிறான் என் அண்ணன் மகன்.

'அந்த நாள்' 1954-இல் வந்தது. ஒரு பாட்டுகூடக் கிடையாது. பாட்டும் ஆட்டமுமாக 'சிங்கிங் இன் தி ரெயின்' வந்தது 1952-இல். இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள்.

புது டிவி வாங்கினோம். தியேட்டரில் பிரமாதமாக இருந்த படம் வீட்டில் சீரியல் மாதிரி இருக்கிறது. வசனம் கேட்கவில்லை என்று சத்தத்தை ஏற்றினால் சண்டைக் காட்சியில் வீடே அதிர்கிறது. படம் அவ்வளவு மோசமா, நான்தான் தியேட்டரில் ஏமாந்தேனா?

படத்தின் மேல் தப்பில்லை, டிவி அமைப்பில்தான். சினிமா விநாடிக்கு 24 ஃப்ரேம், அதாவது 24 அசையாப் படங்கள். உங்கள் டிவி, அசைவு வழுவழுப்பாக இருக்கட்டும் என்று இடையிடையே தானாகவே ஃப்ரேம்களைத் தயாரித்துச் செருகுகிறது. அதனால்தான் சீரியல் மாதிரித் தெரிகிறது. செட்டிங்ஸில் 'மோஷன்' என்ற வார்த்தை எந்தப் பெயரில் ஒளிந்திருந்தாலும் தேடி அணையுங்கள், அல்லது 'ஃபிலிம் மேக்கர் மோட்' இருந்தால் அதைப் போடுங்கள். இதைச் செய்யச் சொல்லிக் கெஞ்சி 2018-இல் டாம் க்ரூஸ் ஒரு விடியோவே போட்டார். விமானத்தில் தொங்கியவர், டிவி செட்டிங்ஸிடம் தோற்று நின்றார்.

வசனம் வேறு கதை. தியேட்டரில் பேச்சுக்கென்று திரைக்குப் பின்னால் நடுவில் தனி ஸ்பீக்கர் இருக்கும். வீட்டில் எல்லாம் இரண்டு சின்ன ஸ்பீக்கருக்குள் திணிக்கப்பட்டு முட்டி மோதுகிறது. ஆடியோவில் 'ஸ்டீரியோ' தேர்வு இருந்தால் அதற்கு மாற்றிப் பாருங்கள், 'நைட் மோட்' இருந்தால் இன்னும் நல்லது, அது உரத்த சத்தத்தைக் குறைத்து மெல்லிய சத்தத்தைத் தூக்கிக் கொடுக்கும். இரண்டையும் சரிசெய்துவிட்டுப் படத்தை மறுபடி பாருங்கள். அப்போதும் மோசமாக இருந்தால் எனக்கு எழுதுங்கள், சேர்ந்து திட்டலாம்.

நீங்கள் கடைசியாகப் பார்த்த படம் எது? முடிவு பிடித்ததா?

ஒரு துப்பறியும் படம். கடைசி இருபது நிமிஷம் இருக்கும்போது போன் வந்தது, எழுந்து போய்விட்டேன். திரும்பி வருவதற்குள் முடிந்துவிட்டது. அவள் அவனை மன்னித்துவிட்டாள் என்றாள் மனைவி. மன்னிக்கவே இல்லை, அந்தப் பார்வையைப் பார்த்தால் தெரியவில்லையா என்றான் மகன். ரிமோட் என் கையில்தான் இருக்கிறது, ஆனால் இருவரும் இன்னும் பேசி முடிக்கவில்லை.