சார்ஜிங் பின்னுக்கும் ரூட்டுக்கும் என்னங்க சம்பந்தம்?

இந்த வாரம் வந்த கேள்வில பாதிக்கு மேல ரூட் பத்திதான், அதாவது கம்பெனி பூட்டி வச்சிருக்கற முழு அதிகாரத்தையும் போன்ல நாமளே எடுத்துக்கறது. ஏதோ ஒரு யூடியூப் வீடியோ செம ஓட்டம் ஓடிருக்கு போல. பேட்டரி உப்பிப் போச்சு, கேமரா மங்கலா இருக்குன்னு கேட்டவங்க எல்லாம் அடுத்த வாரம் வரைக்கும் பொறுத்துக்கங்க, கோச்சுக்காதீங்க.

கேள்வி: அண்ணா, போன் வாங்கி நாலு மாசம்தான் ஆச்சு. 18,000 ரூபா, பனியன் கம்பெனில பார்ட் டைம் போய் சேர்த்த காசு. ரெண்டு மாசம் முன்னாடி ரூட் பண்ணேன், நல்லாத்தான் ஓடிட்டு இருந்துச்சு. போன வாரம் திடீர்னு சார்ஜ் ஏறல. கேபிள் மாத்தியாச்சு, அடாப்டர் மாத்தியாச்சு, ஒண்ணும் ஆகல. சர்வீஸ் சென்டர் போனா அங்க இருந்தவரு போனை ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணாரு, ஸ்க்ரீனைப் பார்த்தாரு, "ரூட் பண்ணிருக்க, வாரண்டி கெடையாது, 3,200 ஆகும்"னு சொல்லிட்டாரு. பின்னு போனதுக்கும் ரூட்டுக்கும் என்னண்ணா சம்பந்தம்? அன்ரூட் பண்ணிட்டு வேற சென்டர்ல குடுத்தா எடுத்துப்பாங்களா?
- பேர் போட வேணாம்னு கேட்டுக்கிட்ட காலேஜ் மாணவர், திருப்பூர்

பதில்: தம்பி, முதல்ல ஒரு வேலை பண்ணு. போனை ஆஃப் பண்ணிட்டு இன்னொரு போன்ல டார்ச் அடிச்சு அந்த ஓட்டைக்குள்ள பாரு. பனியன் கம்பெனில வேலைங்கிற, பாக்கெட்லதான் போன் இருந்திருக்கும், பஞ்சு உள்ள போய் ஒவ்வொரு தடவை கேபிள் சொருகும்போதும் இடிச்சு இடிச்சு கெட்டியா அடியில உக்காந்திருக்கும். மரத்துல செஞ்ச பல்லுக்குச்சி வச்சு மெதுவா கெளறி எடு, ஊசி கீசி விட்டுடாத. உங்க ஊர்ல வர்ற சார்ஜ் ஏறாத கேசுல கணிசமானது இதுதான்னு கடைக்காரங்களே சொல்லுவாங்க.

அதுலயும் சரியாகலன்னா மேல படி.

சம்பந்தம் என்னன்னு கேட்ட. சாதாரணமா ஒரு சம்பந்தமும் இல்ல. பின்னுங்கறது இரும்பு, ரூட்டுங்கறது சாப்ட்வேர். ஒரே ஒரு எடத்துல மட்டும் ரெண்டும் தொட்டுக்கும், ரூட் பண்ணிட்டு "சார்ஜிங் ஸ்பீடு ஏத்தறேன்"னு வேற கர்னலோ (போனோட அடி சாப்ட்வேர்) மாட்யூலோ (ரூட் மேல போடற குட்டி சாப்ட்வேர்) போட்டு கம்பெனி வச்ச கரண்ட் அளவைத் தாண்டி விட்டிருந்தேன்னா பேட்டரியும் சார்ஜிங் ஐசியும் சூடாகி போறதுக்கு நீயே காரணம் ஆயிடுவ. அப்படி எதுவும் பண்ணலியே? பண்ணிருந்தா சண்டைக்குப் போகாத, காசைக் கட்டிட்டு வந்துடு.

அவரு ஆன் பண்ண உடனே எப்படி கண்டுபிடிச்சாருன்னு உனக்கு ஆச்சரியமா இருக்கும். ரூட்டுங்கறது ரெண்டு வேலை. மொதல்ல பூட்லோடர் அன்லாக், அதாவது போன் எந்த சாப்ட்வேரை ஏத்தணும்னு முடிவு பண்ற வாசக்கதவோட பூட்டைத் தொறக்கறது. அப்புறம்தான் மேஜிஸ்க் மாதிரி ஒரு ரூட் சாப்ட்வேரைப் போட்டு ரூட் எடுக்கறது. இந்த முதல் வேலை முடிஞ்ச உடனே போன் ஆன் ஆகுறப்ப எல்லாம் "பூட்லோடர் அன்லாக் ஆகிருக்கு, இந்த போனை நம்ப முடியாது"ங்கற மாதிரி ஒரு எச்சரிக்கை சில செகண்ட் வந்து போகும். நீ தெனம் பார்த்துப் பார்த்து கண்டுக்காம விட்டிருப்ப, அவருக்கு அது ஒண்ணே போதும்.

இப்ப சட்டம். வாடகை வீட்டுல ஓனர் "செவுத்துல ஆணி அடிக்கக் கூடாது"ன்னு எழுதி வாங்கிருக்காருன்னு வை, நீ ஆணி அடிச்சுட்ட, ஆறு மாசம் கழிச்சு பாத்ரூம் குழாய் ஒழுகுது, போய் கேட்டா "நீதான் ஆணி அடிச்சியே"ங்கறாரு. உன் கதை அதுதான். நம்ம ஊர்ல கம்பெனி வாரண்டிங்கறது கம்பெனியே எழுதி வச்ச ஒப்பந்தம், அதுல பெரும்பாலும் "அனுமதியில்லாம சாப்ட்வேரை மாத்தினா பொருந்தாது"ன்னு ஒரு வரி இருக்கும். ரூட் பண்றது குத்தம்னு எந்தச் சட்டமும் சொல்லல, உன் போன், உன் இஷ்டம். ஆனா அந்த வரியைக் காட்டி அவங்க கையை விரிக்கலாம். நீயும் சும்மா விடணும்னு இல்ல, "பழுது சாப்ட்வேர்ல இல்ல, உங்க பார்ட்ல"ன்னு வாதாட எடம் இருக்கு.

எப்படின்னா, வாயால பேசி வந்துடாத. ஜாப் ஷீட் போடச் சொல்லு, அதுல குறை "சார்ஜிங் போர்ட்"னு இருக்கணும், வாரண்டி ஏன் இல்லங்கற காரணத்தையும் எழுதித் தரச் சொல்லு. எழுதச் சொன்னாலே பாதி பேரு "இருங்க மேனேஜர்கிட்ட கேக்கறேன்"னு உள்ள போயிடுவாங்க. அந்தத் தாளை போட்டோ எடுத்து கம்பெனி கஸ்டமர் கேருக்கு மெயில் அனுப்பு. பதில் வரலன்னா தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, தமிழ்லயும் பேசலாம். அதுக்கும் மேல போகணும்னா 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட ஆணையத்துல புகார், 5 லட்சம் வரைக்கும் கட்டணம் கெடையாது, வக்கீல் வச்சுத்தான் ஆகணும்னும் இல்ல, ஆன்லைன்லயே போடலாம்.

ஆனா 3,200 ரூபாய்க்கு இத்தனை நடையான்னு நீயே யோசிச்சுக்க. நான்னா மெயில் வரைக்கும் போவேன், அப்புறம் நல்ல வெளிக் கடையா பார்த்து சிசி போர்டு மாத்திடுவேன். நெறைய மாடல்ல சார்ஜிங் பின் தனியா ஒரு குட்டி போர்டுலதான் இருக்கு, அதை மட்டும் கழட்டி மாட்டினா முடிஞ்சுது, செலவும் பெரும்பாலும் இதுல பாதி கூட வராது. வெளிய தொறந்துட்டா கம்பெனி வாரண்டி சுத்தமா போச்சு, அது தெரிஞ்சு பண்ணு.

அன்ரூட் பண்ணி வேற சென்டரா? உன் ஐஎம்இஐ நம்பரோட முதல் சென்டர்லயே ஜாப் ஏறிருந்தா அடுத்த சென்டர்ல நம்பரைத் தட்டினாலே தெரிஞ்சுடும். இன்னொண்ணு, ரொம்ப முக்கியம், ரூட்டோட இருக்கற பூட் பைலை வச்சுக்கிட்டே அவசரப்பட்டு பூட்லோடரைத் திரும்ப லாக் பண்ணிடாத, போன் அந்த பைல்ல கம்பெனி போட்ட டிஜிட்டல் கையெழுத்தைச் சரி பார்க்கும், ஒத்துப் போகாது, எந்திரிக்கவே எந்திரிக்காது. முழு ஒரிஜினல் சாப்ட்வேரையும் ஏத்தி, ஒரு தடவை ஒழுங்கா ஆன் ஆகுதான்னு பார்த்துட்டுத்தான் லாக்.

கேள்வி: என் சாம்சங் போன்ல நாக்ஸ் "ஜீரோ எக்ஸ் ஒன்" ஆயிடுச்சு. 1,500 ரூபா குடுத்தா திரும்ப ஜீரோ ஆக்கித் தரேன்னு டெலிகிராம்ல ஒருத்தர் சொல்றாரு. குடுக்கலாமா?
- ஒரு வாசகர், ஆம்பூர்

பதில்: குடுக்காதீங்க, குடுக்காதீங்க, குடுக்காதீங்க.

நாக்ஸ்ங்கறது சாம்சங்கோட பாதுகாப்பு ஏற்பாடு, அதுல ஜீரோ ஒண்ணா மாறினா போன்ல கம்பெனி சாப்ட்வேரை மாத்திருக்காங்கன்னு அடையாளம். அது சாப்ட்வேர்ல இருக்கற எண் இல்லங்க. சிப்புக்குள்ள ஈ-ப்யூஸ்னு ஒண்ணு இருக்கு, கம்பெனி கையெழுத்து இல்லாத பைல் ஏறி ஓடினா போனே அதுல கரண்ட் பாய்ச்சி பொசுக்கிடும். 2013-லேர்ந்தே சாம்சங் இப்படித்தான். நம்ம வீட்டு ப்யூஸ் கேரியர்ல பீஸ் போனா புதுசா கம்பி சுத்திக்கலாம், இதுல கம்பி சுத்த எடமே கெடையாது. பழைய சாப்ட்வேர் போட்டாலும் பூட்லோடரை லாக் பண்ணாலும் ஒண்ணு ஒண்ணுதான், செக்யூர் ஃபோல்டரும் சாம்சங் வாலட்ல (முன்னாடி சாம்சங் பே) பணம் கட்டறதும் அந்த போன்ல இனி வராது. திரும்ப ஜீரோ வேணும்னா மதர்போர்டையே மாத்தணும், அதுக்கு ஆகற காசுக்கு நல்ல செகண்ட் ஹாண்ட் போனே வாங்கிடலாம். அந்த ஆளு அதிகபட்சம் ஜீரோன்னு காட்டற மாதிரி ஒரு ஆப்பை ஏமாத்தி வச்சுக் குடுப்பாரு, சர்வீஸ் சென்டர்ல டவுன்லோட் மோடுக்குப் போய் பார்த்தா குட்டு உடைஞ்சுடும்.

கேள்வி: அண்ணே, என் போன்ல வாங்குறப்பவே இருபது ஆப் கெடக்கு, கேம், ஷாப்பிங், நியூஸ், நான் எதையும் தொட்டதே இல்ல. அழிக்கவும் முடியல. ரூட் பண்ணாத்தான் போகும்னு தம்பி சொல்றான், வாரண்டி போயிடும்னு பயமா இருக்கு.
- ஒரு வாசகி, மதுரை

பதில்: கொசு அடிக்க வீட்டை இடிக்கச் சொல்றான் உங்க தம்பி. ரூட்டே வேணாம்மா.

முதல்ல செட்டிங்ஸ்ல அந்த ஆப்பைத் தொறந்து "அன்இன்ஸ்டால்" இருக்கா பாருங்க, இல்லன்னா "டிஸேபிள்" இருக்கும், பாதி அதுலயே போயிடும். மீதிக்கு கம்ப்யூட்டர் வேணும். செட்டிங்ஸ்ல பில்ட் நம்பரை ஏழு தடவை தட்டினா டெவலப்பர் ஆப்ஷன் வரும், அதுல யூஎஸ்பி டீபக்கிங்கை ஆன் பண்ணி ஏடிபி (கம்ப்யூட்டர்லேர்ந்து போனுக்குக் கட்டளை குடுக்கற கூகுளோட டூல்) மூலமா அந்த ஆப்பை உங்க கணக்குலேர்ந்து மட்டும் தூக்கிடலாம். போனோட உள் சாப்ட்வேரை இது தொடறதே இல்ல, பூட்லோடர் பூட்டுனபடியே இருக்கும், பேக்டரி ரீசெட் அடிச்சா எல்லாம் பழையபடி வந்து நிக்கும். வாரண்டிக்கு வேலையே இல்ல. வேலை முடிஞ்சதும் டீபக்கிங்கை மறக்காம ஆஃப் பண்ணிடுங்க.

பேர் புரியாத எதையும் தூக்காதீங்க. ஷாவ்மி போன்கள்ல "ஃபைன்ட் டிவைஸ்"னு ஒண்ணு இருக்கும், சும்மாதானே கெடக்குன்னு அதைத் தூக்கி, போன் லோகோவோட நின்னு போய் தலையில கை வச்சவங்க நெறைய பேர்.

விளம்பரத் தொல்லைக்கு, ஆண்ட்ராய்டு 9-ம் அதுக்கு மேலயும்னா நெட்வொர்க் செட்டிங்ல "ப்ரைவேட் டிஎன்எஸ்" இருக்கும், அதுல விளம்பரம் தடுக்கற ஒரு சர்வர் முகவரியைப் போட்டா பல ஆப்ல விளம்பரம் காணாம போயிடும். யூடியூப்ல போகாது, அதுக்கு என்னைக் கேக்காதீங்க.

கேள்வி: ரூட் பண்ணா ஜிபே, பேங்க் ஆப் ஓடுமா, ஓடாதா? ஒரே வார்த்தைல சொல்லுங்க.
- ஒரு வாசகர், ஈரோடு

பதில்: ஓடாது. ஓடினாலும் எப்ப நிக்கும்னு தெரியாது, அப்படி ஓடறதும் ஓடாததும் ஒண்ணுதான்.

ஒரே வார்த்தைன்னீங்க, மன்னிச்சுக்கங்க, கொஞ்சம் நீளும். ஆப் கூகுள்கிட்ட "இந்த போன் ஒழுங்கா?"ன்னு கேக்கும், அதுக்குப் பேரு ப்ளே இன்டெக்ரிட்டி. முன்னாடி மேஜிஸ்க்ல ஒரு மாட்யூல் போட்டு ஏமாத்தினாங்க, கூகுள் அடைக்கும், இவங்க இன்னொரு ஓட்டை போடுவாங்க. 2025 மே மாசத்துலேர்ந்து ஆண்ட்ராய்டு 13-ம் அதுக்கு மேலயும் இருக்கற போன்கள்ல சிப்புக்குள்ள இருக்கற சாவிகிட்டயே கேட்டுடறாங்க, அது பூட்லோடர் தொறந்திருந்தா தொறந்திருக்குன்னு உண்மையைச் சொல்லிடும். பெட்ரோல் பங்க்ல வண்டிக்குப் போட்டுட்டு ஸ்கேன் பண்றப்ப ஆப் தொறக்க மாட்டேங்குதுன்னு நின்னு பாருங்க, அப்ப புரியும். நெட்ஃபிளிக்ஸும் சில போன்ல எச்டி தராது, வைட்வைன்ங்கற வீடியோ திருட்டுத் தடுப்புப் பூட்டு லெவல் ஒண்ணுலேர்ந்து மூணுக்கு எறங்கி படம் பழைய டிவிடி மாதிரி தெரியும்.

கேள்வி: ஜெர்மனியில இருக்கேன். இங்க ரூட் பண்ணா வாரண்டி போகாதுன்னு கூட வேலை பாக்கறவர் சொல்றார், உண்மையா?
- ஒரு வாசகர், ஸ்டுட்கார்ட்

பதில்: பாதி உண்மை. அங்க ரெண்டு இருக்குல்ல, கம்பெனி தானா தர்ற "கரன்டீ", சட்டப்படி கடைக்காரர் தந்தே ஆகவேண்டிய "கெவேர்லைஸ்டுங்". முதலாவதுல கம்பெனி என்ன நிபந்தனை வேணா போடலாம், ரூட் பண்ணா போச்சுன்னும் சொல்லலாம். ரெண்டாவது 2 வருஷம், அதை ரூட் பண்ணதால மட்டும் பறிக்க முடியாது. 2022 ஜனவரிலேர்ந்து அங்க முதல் ஒரு வருஷத்துக்குள்ள பழுதானா அது வாங்குறப்பவே இருந்த குறைன்னுதான் எடுத்துக்கணும், இல்ல உங்களாலதான் ஆச்சுன்னா கடைக்காரர்தான் நிரூபிக்கணும். இதையே திருப்பூர் தம்பிக்கு எழுத முடியலயேன்னு எனக்கு வயித்தெரிச்சல். அதனால கம்பெனி சர்வீஸுக்குப் போகாம பில்லை எடுத்துக்கிட்டு வாங்குன கடைக்குப் போங்க.

கேள்வி: ஐயா, நான் ரிட்டயர்டு வாத்தியார். 2017-ல வாங்கின போன் பீரோல கெடக்கு, அப்டேட் நின்னு பல வருஷமாச்சு. பேரன் இதை ரூட் பண்ணி வேற ஆண்ட்ராய்டு போடலாம்கிறான். விடலாமா?
- ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: தாராளமா விடுங்க சார், வாரண்டி எப்பவோ காலாவதி, இனி போறதுக்கு ஒண்ணும் இல்ல. கத்துக்கறதுக்கு இதைவிட நல்ல போன் கெடைக்காது. வேற ஆண்ட்ராய்டு போட ரூட்டே தேவையில்ல, பூட்லோடர் அன்லாக் பண்ணா போதும், அதைப் பேரன்கிட்ட சொல்லி மார்க் வாங்கிக்கங்க. லினேஜ் ஓஎஸ்னு இலவசமா கெடைக்கற ஆண்ட்ராய்டு அந்த மாடலுக்கு இருக்கான்னு பார்க்கச் சொல்லுங்க. அன்லாக் பண்ற நிமிஷத்துல போன்ல இருக்கறது மொத்தமும் அழிஞ்சுடும், பழைய போட்டோ இருந்தா முன்னாடியே எடுத்து வச்சுடுங்க. ஷாவ்மி போனா இருந்தா அனுமதி கேட்டுட்டு காத்திருக்கணும், பெரும்பாலும் ஒரு வாரம், 168 மணி நேரம்னு கணக்கு வச்சு சொல்லும். சில கம்பெனி அன்லாக் பண்ண விடறதே இல்ல, அப்ப பேரன் ஆசை அதோட சரி.

இது ஒண்ணும் புதுப் பசங்க கண்டுபிடிச்ச வித்தையும் இல்ல சார். 2008-ல வந்த முதல் ஆண்ட்ராய்டு போன் ஜி1-ல ஒரு கூத்து நடந்துச்சு, கீபோர்டுல நாம தட்டுறது எல்லாம் பின்னாடி ரூட் அதிகாரத்தோட கட்டளை வாங்கற கன்சோலுக்கும் போய்க்கிட்டு இருந்துச்சு. யாருக்கோ மெசேஜ்ல "ரீபூட்"னு தட்டி என்டர் அடிச்சா போனே ரீபூட் ஆயிடும். ரூட் எடுக்க வித்தையே வேணாம், தட்டத் தெரிஞ்சா போதும்.

பேரன்கிட்ட ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க, மாடல் நம்பர் கடைசி எழுத்து வரைக்கும் ஒத்துப் போகணும். நான் ஒரு தடவை "ஒரே போன்தானே, பேருல ஒரு எழுத்துதானே வித்தியாசம்"னு வேற வேரியன்ட் பைலை ராத்திரி ரெண்டு மணிக்கு ஏத்திட்டேன். லோகோ வரும், போகும், வரும், போகும், விடிய விடிய அதுவேதான். வீட்டுக்காரம்மா எந்திரிச்சு வந்து "அதுல என் தங்கச்சி கல்யாண போட்டோ இருந்துச்சுல்ல"ன்னாங்க. மூணு நாள் கழிச்சு போன் எந்திரிச்சுடுச்சு. போட்டோ வரல. இப்பவும் அந்த போன் எங்க அடுப்படி ஜன்னல்ல அலாரம் அடிக்க நிக்குது, விருந்தாளி யாரு வந்தாலும் அந்தக் கதையை வீட்டுக்காரம்மாதான் சொல்லுவாங்க.