சாலிட் ஸ்டேட் கிட்டார் ஆம்ப்: எதைக் கேட்டு வாங்குவது?

கேள்வி: பாளையங்கோட்டையில் இருக்கிறேன். ஞாயிறு ஆராதனையில் எலெக்ட்ரிக் கிட்டார் வாசிக்கிறேன். நண்பர்களின் மெல்லிசைக் குழுவிலும் அவ்வப்போது வாசிப்பதுண்டு. வீட்டில் இருப்பது 6 இன்ச் ஸ்பீக்கர் போட்ட 10 வாட் ஆம்ப். க்ளீனாக, அதாவது ஒலி உடையாமல் வாசித்தால் ஒல்லியாக இருக்கிறது. ஒலியை வேண்டுமென்றே கரடுமுரடாக்கும் டிஸ்டார்ஷனைப் போட்டால் ஒரே இரைச்சல். "வால்வு ஆம்ப் வாங்கினால்தான் நல்ல சவுண்டு வரும், அதுவரை காசைச் சேர்" என்கிறார் எங்கள் குழுவின் மூத்த கிட்டார் அண்ணன். வால்வு என்ற கண்ணாடிக் குழாய்க்குப் பதில் ட்ரான்சிஸ்டரில் ஓடும் சாலிட் ஸ்டேட் ஆம்பில் நல்லதே கிடையாதா? எத்தனை வாட் வேண்டும்? கடையில் எதைச் சோதித்துப் பார்ப்பது?

பதில்: அண்ணன் சொல்வது ஒரு காலத்தில் சரியாகத்தான் இருந்தது. 1966-இல் ஃபெண்டர் நிறுவனம் ட்ரான்சிஸ்டர் ஆம்ப் வரிசை ஒன்றைப் பெரிய விளம்பரத்தோடு இறக்கியது. அவை அடிக்கடி பழுதானதோடு ஒலியிலும் உயிர் இல்லை; சில வருடங்களிலேயே கைவிட்டார்கள். சாலிட் ஸ்டேட்டுக்கு அன்று ஒட்டிய கெட்ட பெயர் இன்றுவரை போகவில்லை.

ஆனால் 1975-இல் ரோலண்ட் வெளியிட்ட ஜேசி-120 முழுக்க ட்ரான்சிஸ்டர். இரண்டு 12 இன்ச் ஸ்பீக்கர், உள்ளேயே கோரஸ், அதாவது ஒரே ஒலியைப் பலர் சேர்ந்து வாசிப்பது போல விரிக்கும் எஃபெக்ட். கிட்டாரின் க்ளீன் ஒலிக்கு எது அளவுகோல் என்று கேட்டால் இன்றும் முதலில் சொல்லப்படும் பெயர்களில் அது ஒன்று. பி.பி. கிங் பல ஆண்டுகள் வாசித்த லேப் சீரீஸ் எல்5 சாலிட் ஸ்டேட். பேன்டெரா குழுவின் டைம்பேக் டாரல், ராண்டால் கம்பெனியின் ட்ரான்சிஸ்டர் ஆம்பில்தான் அந்தக் கனத்த டிஸ்டார்ஷனை எடுத்தார். ஆக, ட்ரான்சிஸ்டர் என்பதற்காக ஒன்றை ஒதுக்க வேண்டியதில்லை.

உங்கள் ஆம்பில் குறை வேறு இடத்தில் இருக்கிறது. கிட்டாரின் தடித்த ஈ கம்பி 82 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. 6 இன்ச் ஸ்பீக்கரை ஒரு சின்னப் பெட்டியில் அடைத்தால் அந்தக் கீழ்ஸ்தாயியை அதனால் தள்ளவே முடியாது. மேல்பகுதிதான் வெளியே வரும். நீங்கள் "ஒல்லி" என்று எழுதியிருப்பது இதைத்தான். சந்தேகமிருந்தால், தெரிந்த டெக்னீஷியனிடம் கொடுத்து, உள்ளே இருக்கும் ஸ்பீக்கரின் வயரைக் கழற்றி, அதே ஆம்பை ஒரு 12 இன்ச் கிட்டார் கேபினெட்டில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். ஆம்பை அணைத்துவிட்டு மாற்ற வேண்டும். கேபினெட்டின் ஓம் அளவு பழைய ஸ்பீக்கரைவிடக் குறையக் கூடாது. கேட்டதும் "இது என் ஆம்பா?" என்பீர்கள்.

அதனால் என் முதல் ஆலோசனை, காசை ஸ்பீக்கரில் போடுங்கள் என்பதுதான். 12 இன்ச் இருந்தால் நல்லது, இடமில்லையென்றால் 10. அதற்குக் கீழே இருப்பவை வீட்டுப் பயிற்சிக்குப் போதும், குழுவோடு வாசிக்கப் போதாது. மரப்பெட்டி கொஞ்சம் பெரிதாக, தட்டினால் கலகலவென்று அதிராமல் இருக்க வேண்டும்.

அடுத்தது வாட். இந்தக் கணக்கு பலருக்கும் தலைகீழாகப் பதிந்திருக்கிறது. வாட்டை இரண்டு மடங்காக்கினால் கூடுவது வெறும் 3 டெசிபல். காதுக்கு இரு மடங்கு சத்தமாகத் தோன்ற வேண்டுமென்றால் ஏறத்தாழ பத்து மடங்கு வாட் தேவை. ஸ்பீக்கரின் சென்சிடிவிட்டியும், அதாவது ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் எத்தனை டெசிபல் தருகிறது என்பதும், இதே கணக்கில்தான் வேலை செய்கிறது. செலஸ்டியன் விண்டேஜ் 30 என்ற ஸ்பீக்கருக்கு அது 100 டெசிபல். 94 டெசிபல் தரும் மலிவு ஸ்பீக்கரில் அதே சத்தம் வேண்டுமென்றால் நான்கு மடங்கு வாட் கொடுக்க வேண்டும். பெட்டியின் மேல் '40 வாட்' என்று பெரிதாக அச்சிட்ட ஆம்ப், நல்ல ஸ்பீக்கர் போட்ட 20 வாட் ஆம்பிடம் தோற்பது இப்படித்தான். கடைக்காரர் வாட்டைத்தான் சொல்வார். ஸ்பீக்கர் எந்தக் கம்பெனி, எத்தனை டெசிபல் என்று நீங்கள் கேளுங்கள்.

இருந்தாலும் சாலிட் ஸ்டேட்டில் வாட் கொஞ்சம் தாராளமாக இருப்பது நல்லது. வால்வு ஆம்ப் தன் எல்லையைத் தாண்டும்போது மெதுவாக மழுங்கும். அந்த மழுங்கலைத்தான் கிட்டார்காரர்கள் விரும்பிக் கேட்கிறார்கள். ட்ரான்சிஸ்டர் பவர் ஆம்ப் எல்லைக்கு வந்ததும் அலையின் தலையைச் சட்டென்று வெட்டிவிடும், காது கூசும். அந்த எல்லைக்கே போகாத அளவுக்கு வாட் கையிருப்பு வேண்டும். ட்ரம்ஸ் இருக்கும் குழுவில், மைக் இல்லாமல் ஆம்பை மட்டும் நம்பி வாசிக்கிறீர்கள் என்றால் 80 வாட் அளவில் பாருங்கள். ஆராதனை நடக்கும் கோவிலில் மிக்ஸரும் பெரிய ஸ்பீக்கர்களும் இருப்பதால், 12 இன்ச்சோடு 40–50 வாட் உங்களுக்குத் தாராளம்.

விளம்பரத்தாளில் பெரும்பாலும் இல்லாத ஒரு விஷயத்தையும் சொல்ல வேண்டும். வால்வுக்கும் ட்ரான்சிஸ்டருக்கும் இடையில் கையால் உணரக்கூடிய வித்தியாசம் பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது. 8 ஓம் ஸ்பீக்கர் எல்லா ஸ்தாயியிலும் 8 ஓமாக இருப்பதில்லை. தன் இயல்பான அதிர்வெண்ணில், அதாவது பெரும்பாலான 12 இன்ச் கிட்டார் ஸ்பீக்கர்களில் 75 முதல் 100 ஹெர்ட்ஸ் வாக்கில், அதன் தடை பல மடங்கு ஏறும். ட்ரெபிள் பக்கம் போகப் போக மறுபடியும் ஏறும். வால்வு ஆம்ப் இந்த ஏற்றங்களுக்கு இசைந்து அங்கெல்லாம் கூடுதல் வோல்ட்டேஜ் கொடுத்துவிடுகிறது. அதனால் அடியில் ஒரு வீக்கம், மேலே ஒரு பளபளப்பு. சாதாரண ட்ரான்சிஸ்டர் ஆம்ப் எல்லா இடத்திலும் ஒரே வோல்ட்டேஜைப் பிடித்துக்கொண்டு நிற்கும். ஹை-ஃபை செட்டுக்கு அது நல்ல குணம். கிட்டாருக்கு அதுவே வறட்சி.

இதற்கு மாற்று உண்டு, செலவும் அதிகமில்லை. ஸ்பீக்கர் கரண்ட் திரும்பி வரும் வழியில் ஒரு ஓமுக்கும் குறைவான சின்ன ரெசிஸ்டர் ஒன்றைப் போட்டு, அதில் விழும் வோல்ட்டேஜை ஃபீட்பேக்காக, அதாவது ஆம்புக்கே திருப்பிக் கொடுத்தால் ட்ரான்சிஸ்டர் ஆம்பும் ஸ்பீக்கரின் போக்குக்கு வளைந்து கொடுக்கும். கரண்ட் ஃபீட்பேக் என்பார்கள். 1990-களில் வந்த மார்ஷல் வால்வ்ஸ்டேட், பீவியின் ட்ரான்ஸ்டியூப் ஆம்ப்கள் இந்த வழியில் போனவைதான். கடையில் சர்க்யூட் வரைபடத்தைக் காட்டச் சொல்ல முடியாது. காதால் பிடிக்கலாம்: கம்பிகள் கிட்டாரின் உடலில் உட்காரும் பாலத்தருகே உள்ளங்கையை வைத்துத் தடித்த கம்பியை அமுக்கி அடியுங்கள். 'தும்' என்று மார்பில் ஒரு தள்ளல் தெரிந்தால் நல்ல ஆம்ப். 'டக்' என்று அட்டையைத் தட்டியது போல நின்றால் வறண்ட ஆம்ப்.

கடைக்கு உங்கள் கிட்டாரையும் உங்கள் கேபிளையும் எடுத்துக்கொண்டு போங்கள். அங்கே மாட்டியிருக்கும் விலையுயர்ந்த கிட்டாரில் எல்லா ஆம்பும் நன்றாகத்தான் கேட்கும். பேஸ், மிட், ட்ரெபிள் மூன்றையும் நடுவில் வையுங்கள். ரிவெர்ப், கோரஸ், டிலே போன்ற எஃபெக்ட் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள்; விற்பவர் உடனே போட்டுக் காட்ட வருவார், அன்போடு மறுத்துவிடுங்கள். ரிவெர்ப் பல குறைகளை மூடி மறைக்கும். முதலில் க்ளீன் சேனலில் கெட்டியாக ஒரு கார்டு. ஆம்பின் முன் குனிந்து கேட்காமல், இரண்டு மூன்று மீட்டர் தள்ளிப் போய், ஸ்பீக்கர் காது உயரத்துக்கு வரும்படி ஆம்பை ஸ்டூலில் வைக்கச் சொல்லிக் கேளுங்கள். கிட்டார் ஸ்பீக்கர் ட்ரெபிளை டார்ச் வெளிச்சம் போல நேராக மட்டுமே வீசும். தரையில் இருக்கும் ஆம்பை மேலிருந்து கேட்டால் ட்ரெபிள் உங்கள் முழங்காலுக்குத்தான் போகும். பிறகு மாஸ்டர் வால்யூமைப் பாதிக்கு மேல் ஏற்றுங்கள். ஒலி விரிந்தால் சரி. இறுகிக் கிறீச்சிட்டால் வேறொன்றைப் பாருங்கள்.

டிஸ்டார்ஷன் சேனலுக்கு இரண்டு சோதனை போதும். ஒரே ஒரு சுரத்தை அடித்துவிட்டு அது தானாக அடங்கும்வரை கையெடுக்காமல் கேளுங்கள். மோசமான சர்க்யூட்டில் அடங்கும் தறுவாயில் ஒலி பிசிறி, திக்கி, பட்டென்று அறுந்துபோகும். நல்லதில் தேய்ந்து தேய்ந்து க்ளீனாகும். இரண்டாவது, கிட்டாரிலுள்ள வால்யூம் குமிழை 10-லிருந்து 4-க்கு இறக்குங்கள். ஆம்ப் தானாக க்ளீனுக்கு இறங்கி வர வேண்டும். சத்தம் மட்டும் குறைந்து இரைச்சல் அப்படியே இருந்தால் அந்தச் சேனலை மறந்துவிடலாம். அதற்காக ஆம்பையே ஒதுக்க வேண்டாம். க்ளீன் நன்றாக இருந்தால் வாங்கிக்கொண்டு, ட்யூப் ஸ்க்ரீமர் ரகத்தில் ஒரு ஓவர்டிரைவ் பெடலை, அதாவது மிதமான டிஸ்டார்ஷன் தரும், காலால் அழுத்தும் சின்னப் பெட்டியை, முன்னால் போடுங்கள். 25 வகை ஒலியும் 60 எஃபெக்ட்டும் உள்ளே இருக்கின்றன என்ற பேச்சில் எனக்கு நம்பிக்கை கிடையாது. ஆறு மாதம் கழித்து நீங்கள் பயன்படுத்துவது இரண்டோ மூன்றோதான்.

உங்கள் தேவைக்கு மூன்றைச் சொல்கிறேன். பழையது வாங்கத் தயக்கமில்லையென்றால் பீவி பேண்டிட் 112: ஒரு 12 இன்ச், 80 வாட். கனம் அதிகம், ஆனால் அடிபட்டாலும் ஓடும். புதிதாக என்றால் பாஸ் கட்டானா 50. 2016-இல் வந்த வரிசை. ஒலியை உருவாக்கும் முன்பகுதி டிஜிட்டல் என்பதால் இதைச் சாலிட் ஸ்டேட் கணக்கில் சேர்க்கலாமா என்று சண்டை போடுபவர்கள் உண்டு, நான் சேர்த்துக்கொள்வேன். 12 இன்ச் ஸ்பீக்கர், சக்தியை அரை வாட்டுக்கு இறக்கும் குமிழ் இரண்டும் சேர்ந்து உங்கள் வீட்டுக்கும் ஆராதனைக்கும் ஒருங்கே ஒத்துவரும். டிஜிட்டல் வேண்டாம், குமிழைத் திருப்பினால் நேராகச் சத்தம் வர வேண்டும் என்பவர்களுக்கு ஆரஞ்ச் க்ரஷ் 35 ஆர்டி. ஸ்பீக்கர் 10 இன்ச்தான், ஆனால் அதன் மிட் அழகானது.

பழையது வாங்கினால் குமிழ்களை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பாருங்கள். கரகரப்பு வந்தால் பெரும்பாலும் கான்டாக்ட் க்ளீனரில் சரியாகிவிடும். கேபிளை ஜேக்கில் லேசாக ஆட்டும்போது சத்தம் விட்டு விட்டு வந்தால் சாலிடர் வேலை இருக்கிறது, விலையைக் குறைக்கச் சொல்லலாம். கிட்டாரே மாட்டாமல், எல்லாக் குமிழும் பூஜ்யத்தில் இருக்கும்போதும் கனத்த உறுமல் வந்தால் உள்ளே ஃபில்டர் கபாசிட்டர் போயிருக்கலாம். அமெரிக்காவிலிருக்கும் அத்தான் கொண்டுவருகிறார் என்றால் பின்பக்கத்தில் 120 வோல்ட் என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பிளக்கைக் கையிலெடுங்கள். நம்முடைய 230-இல் நேராகச் செருகினால் அன்றோடு கதை முடிந்தது. தகுந்த ஸ்டெப்-டவுன் ட்ரான்ஸ்பார்மர் வேண்டும்.

கோவிலில் ஆம்புக்கும் மிக்ஸருக்கும் ஒரே இடத்திலிருந்து, நல்ல எர்த் உள்ள மூன்று முனை பிளக்கில் கரண்ட் எடுங்கள். உறுமல் போகிறது என்று எர்த் முனையை உடைத்துவிட்டு வாசிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். கிட்டார் கம்பியில் கையும் மைக்கில் உதடும் ஒரே நேரத்தில் பட்டால் உயிருக்கே ஆபத்து. மிக்ஸருக்குக் கொடுக்கும்போது ஸ்பீக்கர் எமுலேஷன் (கிட்டார் ஸ்பீக்கரின் ஒலியைப் போலச் செய்வது) உள்ள லைன் அவுட் இருந்தால் அதைக் கொடுங்கள், இல்லையென்றால் ஸ்பீக்கருக்கு முன்னால் ஒரு மைக் வையுங்கள். கிட்டார் ஸ்பீக்கர் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேலே தானாகவே வெட்டிவிடும். வெறும் பெடலை நேராக மிக்ஸரில் செருகினால் அந்த வெட்டு இல்லாமல் முழு இரைச்சலும் சபைக்குப் போகும். மைக்கைக் கூம்பின் நடுவுக்கு நேராக வைக்காமல் ஓரத்துக்கு இரண்டு விரல் தள்ளி வையுங்கள். வீட்டில் அழகாகக் கேட்ட பேஸைக் கோவிலில் குறைத்து, மிட்டை ஏற்றுங்கள். பேஸ் கிட்டாரும் கீபோர்டும் அந்தக் கீழ்ஸ்தாயியை ஏற்கெனவே பிடித்து வைத்திருக்கும்.