பாதிப் படியில் நாய் படுத்துவிட்டால்

சமணர் மலைப் படியில் பாதி ஏறியதும் உங்கள் லாப்ரடார் நாக்கைத் தொங்கப்போட்டுப் படுத்துவிட்டான், எழுப்பினால் பின்னங்கால் தள்ளாடியது, வாந்தியும் எடுத்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். இணையத்தில் தேடியதும் இதயம் வீங்கிவிட்டதோ என்ற பயம் வந்துவிட்டது. வீட்டில் ஓடியாடுகிறான், இரவில் இருமலும் இல்லை என்று நீங்களே சொல்வதால் எனக்கு முதல் சந்தேகம் இதயத்தின் மேல் இல்லை. சித்திரை மாதம், காலை எட்டரை மணி, 41 கிலோ எடை. இது வெப்பத்தாக்கு. இதயநோய்க்குக் குறையாமல் உயிரை எடுக்கக்கூடியது.

நாய்க்கு நம்மைப்போல் உடம்பெல்லாம் வியர்க்காது. மூச்சிரைத்து, வாயிலும் மூக்கிலும் உள்ள ஈரம் ஆவியானால்தான் சூடு தணியும். செங்குத்துப் படியில் தசைகள் கிளப்பும் சூட்டுக்கு அது ஈடுகொடுக்காது. கொழுத்த உடம்பில் இன்னும் மோசம். வெயில் ஏறிய பாறை வேறு அடியிலிருந்து சுடும். இதில் யாரையும் கடித்துவிடக் கூடாதென்று நைலான் வாய்க்கட்டு போட்டிருக்கிறீர்கள். வாய் திறக்க முடியாமல் அவன் எப்படி மூச்சிரைப்பான்? வாய்க்கட்டு வேண்டுமென்றால் உள்ளே நன்றாக வாய் திறக்க இடமுள்ள கூடை வகை வாங்குங்கள்.

நீங்கள் பயப்பட வேண்டிய அடையாளம், நிழலில் நிறுத்திப் பத்து நிமிடம் ஆகியும் மூச்சிரைப்பு அடங்காதது. தள்ளாடினாலோ வாந்தி எடுத்தாலோ அந்தப் பத்து நிமிடமும் காத்திருக்கக் கூடாது. மேலுதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டியது செங்கல் நிறத்தில் இருந்தால் ஆபத்து, வெளுத்திருந்தால் இன்னும் ஆபத்து. ஈறு கறுப்பாக உள்ள நாய்க்குக் கீழ் இமையின் உட்புறத்தைப் பாருங்கள்.

முதலில் குளிர்விப்பது, பிறகுதான் வண்டி. கையிலுள்ள தண்ணீரை வயிறு, தொடையிடுக்கு, மார்பு என்று உடம்பெல்லாம் ஊற்றித் துண்டால் விசிறுங்கள். ஈரத்துண்டைப் போர்த்திவிடாதீர்கள், சூடு உள்ளேயே தங்கும். வாயில் தண்ணீர் புகட்டினால் நுரையீரலுக்குப் போகும். தானாகக் குடித்தால் குடிக்கட்டும். நாயின் இயல்பு வெப்பம் 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். ஆசனவாயில் வெப்பமானி வைத்துப் பார்த்து 103-க்கு இறங்கியதும் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்துங்கள்.

உடம்பு கொதிக்கிறதே என்று பாரசிட்டமால் கொடுத்தது பெரிய தவறு. இது காய்ச்சல் இல்லை, அந்த மாத்திரையால் இந்தச் சூடு இறங்காது. வெப்பத்தால் ஏற்கெனவே அடிபட்ட கல்லீரலுக்குத்தான் கேடு. வீட்டு மருந்துப் பெட்டியை நாயிடம் கொண்டுபோகாதீர்கள்.

இப்போது நன்றாகச் சாப்பிடுகிறான் என்பதை வைத்து விட்டுவிட வேண்டாம். சிறுநீரகம், கல்லீரல், ரத்தம் உறைதல் ஆகியவற்றில் கோளாறு ஓரிரு நாள் கழித்தும் வரும். இன்றே கால்நடை மருத்துவரிடம் காட்டி ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். இதயத்தையும் அவர் கேட்டுப் பார்த்துவிடுவார். சிறுநீர் காப்பி நிறத்தில் போனாலோ, மலத்தில் ரத்தம் வந்தாலோ, ஈறில் சிவப்புப் புள்ளி தெரிந்தாலோ நள்ளிரவானாலும் கிளம்புங்கள்.

புல் தின்கிறான், மூக்கு காய்கிறது, பாதத் தோல் உரிந்திருக்கிறது என்றும் கேட்டிருக்கிறீர்கள். புல் தின்பதும் மூக்கு காய்வதும் ஒன்றுமில்லை. பாதத் தோல் உரிந்தது பாறைச் சூட்டால். சுத்தமான தண்ணீரில் கழுவி ஈரமில்லாமல் வைத்து, ஆறும்வரை படி ஏற்றாதீர்கள்.

எடை 35 கிலோவுக்கு வரும்வரை மலை வேண்டாம். கண்மாய்க் கரையில் விடியற்காலை நடை போதும். அதன்பிறகும் கோடையில் ஏற்றாதீர்கள். மற்ற மாதங்களில் விடியும்போதே ஏறி, வெயில் ஏறுமுன் இறங்கிவிடுங்கள். புறங்கையைப் பாறையில் ஏழு விநாடி வைக்க முடியவில்லையென்றால் அன்றைக்கு ஏற்றம் இல்லை. அவனுக்கென்று தனியாக இரண்டு லிட்டர் தண்ணீர் எடுத்துப் போங்கள். அதில் பாதி குடிக்க, பாதி மேலே ஊற்ற.